தலைநகரில் மாணவர் விடுதிகள்: சில செய்திகள், சில நினைவுகள்

தில்லியில் ஜங்புராவுக்கு அருகே, பாராபுல்லா நாலாவின் கரையில், 'மதராசி கேம்ப்' என்று ஒரு குடிசைப் பகுதி இருந்தது. தலைநகரில் வசிக்கும் நம் அங்கத்தினர்களில் பலர் அந்தப் பெயரைக் கேட்டிருப்பார்கள். உள்ளே சென்று பார்த்தவர்கள் குறைவு. விழுப்புரம், கள்ளக்குறிச்சி, சேலம் பக்கத்திலிருந்து பிழைப்புத் தேடி வந்த குடும்பங்கள் அங்கே அரை நூற்றாண்டுக்கு மேலாக வசித்தன. ஜங்புரா, போகல், நிஜாமுதீன் வீடுகளில் சமையல், பாத்திரம், கார் ஓட்டுதல் என்று வேலை செய்தவர்களில் பெரும் பகுதியினர் இவர்கள்தாம். நாலாவின் நீரோட்டத்துக்குத் தடையாக இருப்பதாகவும், மழைக்காலத்தில் வெள்ளம் தேங்குவதாகவும் வழக்கு நடந்தது. உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2025ஆம் ஆண்டு ஜூன் 1ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, அந்தக் குடியிருப்பு முழுவதும் இடிக்கப்பட்டது. அங்கிருந்த 370 குடும்பங்களில் 189 குடும்பங்களுக்கு நரேலாவில் அடுக்குமாடி வீடு என்று முடிவாயிற்று. மீதி 181 குடும்பங்களுக்குத் தகுதியில்லை என்று சொல்லிவிட்டார்கள்.

ஓய்வு பெற்றபின் சில ஆண்டுகளாக, வாரத்தில் மூன்று நாள் மாலையில் அந்தப் பிள்ளைகள் சிலருக்குக் கணக்கும் பௌதிகமும் சொல்லிக் கொடுத்து வந்தேன். பெரிய சேவை என்று யாரும் நினைக்க வேண்டாம். எனக்கும் பொழுது போக வேண்டும் அல்லவா? தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த ஒரு பெண், இடிப்பு நோட்டீஸ் ஒட்டிய வாரத்தில் என்னிடம் கேட்டாள்: "சார், காலேஜ் ஹாஸ்டல்ல எடம் கெடச்சா மூணு வருஷமும் அங்கேயே இருக்கலாமா? லீவுக்கு வெளிய போவச் சொல்லுவாங்களா?"

நான் விடுதியில் இருந்து படித்தவன். விடுமுறை எப்போது வரும் என்று நாட்காட்டியில் கோடு போட்டுக்கொண்டிருந்தவன். விடுமுறைக்குப் போக வீடு இருக்காதே என்று கவலைப்படும் மாணவி ஒருத்தியை அன்றுதான் சந்தித்தேன். அவளுக்குச் சரியான பதில் சொல்ல வேண்டும் என்று பழைய விஷயங்களைத் தேடிப் படித்தேன். அதில் கிடைத்தவற்றை அன்பர்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

முதலில் நம் வீட்டுக் கதையிலிருந்து தொடங்குவதுதான் நியாயம். என் தகப்பனார் 1930களில் கும்பகோணத்தில் படித்தார். கிராமத்தில் நிலம் கிடையாது. தாத்தா கோயில் மடைப்பள்ளியில் வேலை. விடுதியில் சேரப் பணம் ஏது? 'வாரச் சாப்பாடு' சாப்பிட்டுப் படித்தார். இளைய தலைமுறைக்கு இந்தச் சொல்லே புரியாது என்பதால் சொல்கிறேன்: திங்கட்கிழமை ஒரு வீடு, செவ்வாய் ஒரு வீடு என்று ஏழு நாட்களுக்கு ஏழு வீடு. அந்தந்த நாளில் அந்தந்த வீட்டுத் திண்ணையிலோ ரேழியிலோ ஏழை மாணவனுக்கு ஓர் இலை. அப்பாவுக்கு ஆறு வீடுகள்தாம் கிடைத்தன. சனிக்கிழமைக்கு வீடு இல்லை. வெள்ளிக்கிழமை வீட்டு மாமி அதைத் தெரிந்துகொண்டு, இரவு ஒரு தூக்கில் சாதத்தில் மோர் விட்டுக் கொடுத்தனுப்புவாளாம். "சனிக்கிழமை புளிச்சிருக்கும்டா, ஆனா அது மாதிரி ருசி அப்புறம் வரல்லே" என்று எண்பது வயதிலும் சொல்வார். அதே அப்பா, அந்த வீடுகளில் எந்த மூலையில் உட்கார வைத்தார்கள், விசேஷ நாட்களில் எத்தனை மணி வரை காக்க வைத்தார்கள் என்பதை மட்டும் கடைசி வரை சொன்னதில்லை. நாங்களாகப் புரிந்துகொண்டதுதான்.

இந்த நிலையைப் பார்த்துத்தான் பெரியவர்கள் சிலர் மாணவர் இல்லங்கள் தொடங்கினார்கள். 1905ல் மயிலாப்பூரில் சுவாமி ராமகிருஷ்ணானந்தரின் முயற்சியில் உருவான ராமகிருஷ்ண மிஷன் மாணவர் இல்லம் அவற்றில் முக்கியமானது. சி. ராமஸ்வாமி அய்யங்கார், அவருடைய உறவினர் ராமானுஜாசாரி இருவரும் அதை வளர்த்தார்கள். ஆதரவற்ற பிள்ளைகளுக்கு உணவும் உறைவிடமும் கொடுத்துப் படிக்க வைத்த அந்த நிறுவனம் நூற்றாண்டைக் கடந்து நடந்து வருகிறது.

தில்லிக்கு வருவோம். தில்லிப் பல்கலைக்கழகம் 1922ல் சட்டத்தால் உருவானது. செயின்ட் ஸ்டீபன்ஸ், ஹிந்து, ராம்ஜஸ் என்று மூன்று கல்லூரிகளே தொடக்கத்தில் இருந்தன. 1938 முதல் 1950 வரை துணைவேந்தராக இருந்த சர் மாரிஸ் க்வயர்தான் அதற்கு ஓர் உருவம் கொடுத்தவர். ஃபெடரல் கோர்ட்டின் முதல் தலைமை நீதிபதியும் அவரே. ஆக்ஸ்ஃபோர்டில் படித்தவர், மாணவன் வகுப்பறையில் கற்பது பாதி, தங்கும் இடத்தில் கற்பது பாதி என்ற மரபில் வந்தவர். பல்கலைக்கழகத்தின் மிகப் பழைய விடுதிக்கு இன்றும் அவர் பெயர்தான், க்வயர் ஹால். 1948ல் அவர் தொடங்கிய மிராண்டா ஹவுஸ் பெண்கள் கல்லூரியும் விடுதியோடு சேர்ந்ததே. ஆனால் பிற்காலத்தில் நகரெங்கும் புதிய கல்லூரிகள் முளைத்தபோது, அவற்றில் பலவற்றுக்கு விடுதியே கட்டப்படவில்லை. தில்லியிலேயே வீடு இருப்பவர்கள்தாமே படிக்கப் போகிறார்கள் என்று நினைத்துவிட்டார்களோ என்னவோ.

இதற்கு மாறாக, விடுதியை நடுவில் வைத்து ஒரு பல்கலைக்கழகத்தையே கட்டியது நம்மவர் ஒருவர் என்பது பலருக்கு நினைவிருக்காது. ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகம் 1969ல் தொடங்கப்பட்டது. அதன் முதல் துணைவேந்தர் ஜி. பார்த்தசாரதி. அரசியல் சாசன வரைவுக் குழுவில் இருந்த என். கோபாலஸ்வாமி அய்யங்காரின் புதல்வர். ஆக்ஸ்ஃபோர்டில் படித்தவர், கிரிக்கெட் ஆடியவர், 'ஹிந்து' நாளிதழில் பணியாற்றியவர், சீனாவிலும் பாகிஸ்தானிலும் தூதர், ஐ.நா.வில் நம் பிரதிநிதி. பின்னாளில் 1983-84ல் இலங்கைத் தமிழர் பிரச்சினையில் கொழும்புக்கும் தில்லிக்கும் அலைந்த அதே 'ஜி.பி.'தான். 1974 வரை துணைவேந்தராக இருந்தார். அவரும், புவியியல் அறிஞரான மூனிஸ் ரஸாவும் முன்னின்று, ஆரவல்லிப் பாறைகளுக்கு நடுவே சுமார் ஆயிரம் ஏக்கரில் அந்த வளாகத்துக்கு அடித்தளம் போட்டார்கள். மாணவர் விடுதிகளும் ஆசிரியர் குடியிருப்பும் அருகருகே. விடுதிகளுக்குத் தலைவர்கள் பெயர் கிடையாது. கங்கா, ஜீலம், சட்லஜ், கோதாவரி, காவேரி, பெரியார் என்று நதிகளின் பெயர்.

'பெரியார்' என்றதும் ஊரிலிருந்து வரும் தமிழ் மாணவர்கள் ஒரு கணம் திகைப்பார்கள். சிலர் மகிழ்வார்கள், சிலர் முகம் சுளிப்பார்கள். அது கேரளத்து நதி என்று தெரிந்ததும் இரு சாராரும் சிரித்துவிடுவார்கள்.

சேர்க்கையிலும் ஒரு புதுமை செய்தார்கள். பின்தங்கிய மாவட்டங்களிலிருந்தும் வறிய குடும்பங்களிலிருந்தும் வருபவர்களுக்கு நுழைவுத் தேர்வு மதிப்பெண்ணோடு கூடுதலாகச் சில மதிப்பெண்கள். இதனால் யார் வந்தார்கள் என்பதை நானே பார்த்தேன். 1973ல் மத்திய அரசு உத்தியோகத்துக்காக தில்லி வந்து, கரோல்பாகில் நான்கு பேர் சேர்ந்த ஓர் அறையில் சில காலம் இருந்துவிட்டு, பிறகு ராமகிருஷ்ணபுரத்துக்கு மாறினேன். என் அத்தை பிள்ளை அப்போது ஜே.என்.யு.வில் படித்தான். ஞாயிற்றுக்கிழமை காலையில் மலை மந்திரில் முருகனைத் தரிசித்துவிட்டு, அப்படியே அவனைப் பார்க்கப் போவேன். ஒரு கட்டில், ஒரு மேஜை, சுவரில் ஒரு அலமாரி. அதே அறையில் எதிர்க் கட்டிலில் பீகார் மாநிலத்துப் பையன் ஒருவன். அவன் குடும்பத்திலேயே மாவட்டத்தை விட்டு வெளியே வந்த முதல் ஆள். முதல் மாதம் மின்விசிறியை நிறுத்தவே மாட்டானாம், நிறுத்தினால் திரும்ப ஓடாதோ என்று பயம்! அத்தை பிள்ளைக்கு அரிசிச் சாதம் போதவில்லை, அவனுக்கு ரொட்டி போதவில்லை. மெஸ்ஸை நடத்துவது மாணவர்கள் தேர்ந்தெடுத்த கமிட்டி. மாதச் செலவைக் கூட்டி வகுத்துத் தலைக்கு இவ்வளவு என்று ஒட்டிவிடுவார்கள். சாப்பாட்டு மேஜையில் தட்டுக்கு அருகே துண்டுப் பிரசுரம் கிடக்கும். இரவுச் சாப்பாடு முடிந்ததும் மேஜைகளை ஒதுக்கிவிட்டு அதே கூடத்தில் யாராவது வந்து பேசுவார்கள், நடுநிசி வரை கேள்விகள். எனக்கு அந்தக் கட்சிப் பேச்சில் ருசி கிடையாது. அரசு ஊழியனுக்கு வம்பு வேறு. ஆனால் மாவட்டத்தையே தாண்டாதிருந்த அந்தப் பையன் மூன்றாவது ஆண்டில் எழுந்து நின்று ஒரு பேராசிரியரை மறுத்துப் பேசியதைக் கேட்டேன்.

அந்த விடுதிகள் அமைதியாகவே இருந்தன என்று சொல்ல மாட்டேன். 1983ல் பெரிய கிளர்ச்சி. நூற்றுக்கணக்கான மாணவர்கள் திகார் சிறைக்குப் போனார்கள், விடுதிகள் காலி செய்யப்பட்டன, அந்த ஆண்டு புதிய சேர்க்கையே இல்லை. சிறைக்குப் போனவர்களில் அபிஜித் பானர்ஜியும் ஒருவர், 2019ல் பொருளாதாரத்துக்கு நோபல் பரிசு பெற்றவர். திருச்சி சீதாலட்சுமி ராமசாமி கல்லூரியில் படித்துவிட்டு அங்கே போய் 1984ல் எம்.ஏ. முடித்தவர் நிர்மலா சீதாராமன். எஸ். ஜெய்சங்கரும் அங்கே டாக்டர் பட்டம் பெற்றவரே. கூடுதல் மதிப்பெண் முறை 1983க்குப் பிறகு நிறுத்தப்பட்டு, 1990களில் திரும்ப வந்து, பிறகும் பலமுறை மாறியது.

சாப்பாட்டுக் கூடத்தைப் பற்றி இன்னும் சொல்ல வேண்டியிருக்கிறது. நம் பத்திரிகையில் இதை எழுதலாமா என்று யோசித்தேன், எழுதத்தான் வேண்டும். வ.வே.சு. அய்யர் சேரன்மாதேவியில் நடத்திய குருகுலத்தில் இரண்டு பிராமணச் சிறுவர்களுக்கு மட்டும் தனியாகச் சாப்பாடு போட்டார்கள். பெற்றோரின் நிபந்தனைக்கு அய்யர் இசைந்தார். அந்த இரண்டு இலைகளால் 1924-25ல் தமிழ்நாட்டுக் காங்கிரஸே இரண்டுபட்டது. வரதராஜுலு நாயுடுவும் ஈ.வெ.ரா.வும் எதிர்த்தார்கள்; காந்திஜி வரை விஷயம் போயிற்று. அய்யர் பொறுப்பிலிருந்து விலகினார். 1925 ஜூனில் பாபநாசம் அருவியில் மகளைக் காப்பாற்றப் போய்த் தாமும் மறைந்தார். அப்பழுக்கற்ற தேசபக்தர் அவர் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனாலும் அந்த இரண்டு இலைகளைத் தனியே போட்டது தவறு என்பதே என் அபிப்பிராயம். வாரச் சாப்பாட்டில் மூலையில் உட்கார்ந்தவரின் பிள்ளை நான். தனி இலை என்றால் என்ன என்று எனக்கும் கொஞ்சம் தெரியும்.

நான் பி.எஸ்ஸி. படித்த கல்லூரி விடுதியில் 1968ல் சைவ மெஸ், அசைவ மெஸ் என்று இரண்டு இருந்தன. அது உணவுப் பழக்கம், அதில் குற்றமில்லை. ஆனால் சைவ மெஸ்ஸிலும் ஒரு வரிசை 'நமக்கு' என்று எழுதாத சட்டம் இருந்தது. வேறு வகுப்பைச் சேர்ந்த, மாமிசம் சாப்பிடாத என் நண்பன் ஒருநாள் தெரியாமல் அதில் உட்கார, பரிமாறுபவர் அவனைத் தாண்டிப் போய்விட்டார். நான் பக்கத்தில்தான் இருந்தேன். எழுந்து அவனோடு போயிருக்கலாம். பேசாமல் சாப்பிட்டு முடித்தேன்.

ஒரே கூடம், ஒரே மேஜை என்று பெருமைப்பட்ட ஜே.என்.யு.விலும் பின்னாளில் தட்டு சண்டைப் பொருளாயிற்று. 2022 ராமநவமியன்று காவேரி விடுதியில் அசைவம் பரிமாறுவது பற்றி எழுந்த தகராறில் மாணவர்கள் காயம்பட்டார்கள்.

அதைவிட எனக்குக் கவலை அளித்தது 2019ல் வந்த கட்டண உயர்வு. தனி அறைக்கு மாதம் 20 ரூபாயாக இருந்த வாடகையை 600 ஆகவும், இருவர் தங்கும் அறைக்கு 10 ரூபாயை 300 ஆகவும் உயர்த்தி, பராமரிப்புக்கு மாதம் 1,700 ரூபாய் என்றும் அறிவித்தார்கள். போராட்டத்துக்குப் பிறகு வறிய மாணவர்களுக்குச் சலுகை வந்தது. '20 ரூபாய் வாடகை எங்கேயாவது உண்டா, மக்கள் வரிப்பணம் அல்லவா' என்று நம் நண்பர்கள் பலர் கேட்டார்கள். முப்பத்தைந்து வருஷம் அரசுக் கணக்கில் உழன்றவன் என்ற முறையில் அந்தக் கேள்வியின் நியாயம் தெரியும். எதிர்க் கட்டில் பையனுக்கு அந்த வாடகையில்லாவிட்டால் அறையே இல்லை என்பதும் தெரியும். அரசு ஊழியனாக எனக்கு ராமகிருஷ்ணபுரத்தில் கிடைத்த குவார்ட்டர்ஸ் வாடகையும் சந்தை விலையில் இல்லையே!

அந்தப் பெண்ணின் விஷயத்துக்கு வருகிறேன். அவள் குடும்பம் 181ல் ஒன்று. பழைய ரேஷன் அட்டை எப்போதோ மழையில் போய்விட்டது. இடித்தபின் கொஞ்ச நாள் உறவினர் வீட்டில் இருந்துவிட்டு, பிறகு ஒரு வாடகை அறைக்கு மாறினார்கள்; அறையில் ஐந்து பேர். கல்லூரியில் இடம் கிடைத்தது, பி.எஸ்ஸி. அந்தக் கல்லூரிக்கு விடுதி உண்டு, ஆனால் கட்டில்கள் மிகச் சில. விடுமுறையில் காலி செய்யத்தான் வேண்டும் என்று விதி இருப்பதை நானே படித்துச் சொன்னேன். "அதுக்கு என்னா சார், லீவு வரைக்கும் படிக்கலாம்ல" என்றாள்.

விண்ணப்பத்தை என் வீட்டு மேஜையில் வைத்துத்தான் நிரப்பினோம். பெயர், தந்தை பெயர், வருமானம் எல்லாம் எழுதிவிட்டாள். 'நிரந்தர முகவரி' என்ற கட்டத்தில் பேனா நின்றது. ஆதார் அட்டையில் இருந்தது மதராசி கேம்ப் முகவரி. "இதையே எழுதலாமா சார்? அந்த எடமே இல்லியே" என்றாள். அட்டையில் உள்ளபடி எழுதச் சொன்னேன்; கடிதம் வர வேண்டிய முகவரி என்ற அடுத்த கட்டத்தில் என் வீட்டு முகவரியை எழுத வைத்தேன். அவளுடைய சான்றிதழ்களையும் என் அலமாரியிலேயே வைத்திருக்கிறேன். முதல் பட்டியலில் அவள் பெயர் வரவில்லை. இரண்டாவது பட்டியலுக்காகக் காத்திருந்த நாட்களில் தினமும் மாலை ஐந்து மணிக்குத் தபால்காரர் வந்தாரா என்று போன் செய்வாள். இப்போதெல்லாம் பட்டியல் தபாலில் வராது, கம்ப்யூட்டரில்தான் வரும் என்று நான் எத்தனை முறை சொல்லியும் கேட்டுக்கொண்டேதான் இருந்தாள்.