ஒரே துணி, ஒரே நிறம்: பள்ளிச் சீருடை சிக்கனமாக இருந்த கதை



மே மாதம் பிறந்தால் நம் வாட்ஸ்ஆப் குழுவில் இரண்டு விஷயங்கள் தவறாமல் வரும். ஒன்று தண்ணீர் லாரி. இன்னொன்று யூனிஃபார்ம். "யு.கே.ஜி. பையனுக்கு 24 சைஸ் சட்டை, டவுசர் யாரிடமாவது இருக்கிறதா?" என்று ஏ பிளாக்கில் இருந்து ஒரு தாய் கேட்டிருந்தார். கால் மணி நேரத்தில் மூன்று வீடுகளில் இருந்து பதில் வந்தது. மூன்று வீட்டிலும் துணி இருந்தது. ஒன்றும் உதவவில்லை. ஒரு வீட்டில் இருந்தது வேறு பள்ளியின் துணி. இன்னொன்று அதே பள்ளிதான், ஆனால் கட்டம் மாறிவிட்டது. மூன்றாவது சட்டையின் பையில் பழைய சின்னம். மூன்றும் கிழியாத, சாயம் போகாத நல்ல துணிகள்.

நான் படித்தது பி.காம். வேலை பார்த்தது வங்கியில். கணக்கு இடித்தால் எங்கே இடிக்கிறது என்று பின்னால் போய்த் தேடுவது பழக்கமாகிவிட்டது. மூன்று வீட்டில் துணி இருந்தும் ஒரு பிள்ளைக்கு உதவாத இந்தக் கணக்கு எங்கே இடித்தது? கொஞ்சம் பின்னால் போய்ப் பார்ப்போம், வாருங்கள்.

நீல அங்கி

லண்டனில் 1552-ஆம் ஆண்டு, ஆறாம் எட்வர்டு மன்னர் காலத்தில், கிறைஸ்ட்ஸ் ஹாஸ்பிட்டல் என்று ஒரு பள்ளி தொடங்கினார்கள். பெயரைப் பார்த்து மருத்துவமனை என்று நினைக்க வேண்டாம். தெருவில் திரிந்த, ஆதரவற்ற பிள்ளைகளுக்கு உணவும் உடையும் படிப்பும் கொடுத்த இடம் அது. அந்தப் பிள்ளைகளுக்கு நீண்ட நீல அங்கியும் மஞ்சள் காலுறையும் கொடுத்தார்கள். நீலம் அந்தக் காலத்தில் மலிவான சாயம் என்பது அதற்குச் சொல்லப்படும் காரணம். இன்றும் அந்தப் பள்ளிப் பிள்ளைகள் ஏறக்குறைய அதே உடையைத்தான் அணிகிறார்கள். அதைப் பள்ளியே இலவசமாகத் தருகிறது. உலகில் இன்றும் வழக்கில் உள்ள மிகப் பழைய பள்ளிச் சீருடை அதுதான் என்பார்கள்.

கவனியுங்கள். சீருடை பணக்காரப் பிள்ளையின் அடையாளமாகப் பிறக்கவில்லை. இல்லாத பிள்ளைக்கு, மலிவான சாயத்தில், நாள்பட உழைக்கிற துணியில் தைத்துக் கொடுத்த உடையாகப் பிறந்தது. பெரிய இடத்துப் பள்ளிகள் அதை எடுத்துக்கொண்டதெல்லாம் பிறகுதான்.

காமராஜர் காலம்

நம் மாநிலத்துக்கு வருவோம். காமராஜர் முதல்வராக இருந்தபோது 1956-ல் மதிய உணவுத் திட்டம் வந்தது எல்லோருக்கும் தெரியும். அப்போது பொதுக்கல்வி இயக்குநராக இருந்தவர் நெ.து.சுந்தரவடிவேலு. அவர் முன்னின்று 1958 முதல் ஊர் ஊராகப் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடந்தன. ஊர்ப் பள்ளிக்கு என்ன குறை என்று பட்டியல் போட்டு, அதை ஊராரே நன்கொடையாகத் தீர்த்து வைப்பதுதான் ஏற்பாடு. ஒருவர் பெஞ்சு தருவார், ஒருவர் கரும்பலகை தருவார், ஒருவர் கூரைக்கு ஓடு தருவார். பிள்ளைகளுக்குச் சீருடையும் அந்தப் பட்டியலில் இருந்தது.

சோறு போட்டாகிவிட்டது, பிறகு எதற்குச் சட்டை என்று இன்று கேட்கத் தோன்றும். ஒரே ஒரு சட்டை உள்ள பிள்ளையை நினைத்துப் பாருங்கள். அதைத் துவைத்துப் போட்டால் காயும்வரை வீட்டில்தான் இருக்க வேண்டும். மழைக்காலம் என்றால் இரண்டு நாள் பள்ளி போயிற்று. கிழிந்ததைப் போட்டுக்கொண்டு வந்தால் பக்கத்துப் பையன் சிரிப்பான். பசி ஒரு தடை என்றால் உடுத்த இல்லாதது இன்னொரு தடை.

என் காக்கி டவுசர்

எனக்கு ஊர் அருப்புக்கோட்டை. நெசவு ஊர். 1960-களின் நடுவில் நான் ஒன்றாம் வகுப்பு சேர்ந்தபோது பையன்களுக்கு வெள்ளைச் சட்டை, காக்கி டவுசர். பெண் பிள்ளைகளுக்கு வெள்ளைச் சட்டை, நீலப் பாவாடை. பெரிய வகுப்பு போனால் தாவணியும் சேரும். பக்கத்து ஊருக்குப் போனாலும் அதேதான். மதுரைக்குப் போனாலும் பெரும்பாலும் அதேதான்.

காக்கி என்ற சொல்லுக்கே புழுதி நிறம் என்றுதான் பொருள். புழுதியில் புரளுகிற பையனுக்குப் புழுதி நிறத்தில் டவுசர்! இதைவிடப் பொருத்தமாக ஒரு நிறத்தை யார் தேர்ந்தெடுக்க முடியும்?

நான் வீட்டில் மூன்றாவது பையன். பத்து வயது வரை எனக்கென்று புது டவுசர் எடுத்ததாக நினைவில்லை. பெரிய அண்ணனுக்கு எடுத்தது சின்ன அண்ணனுக்கு வந்து, பிறகு எனக்கு வரும். எடுக்கும்போதே அம்மா தையல்காரரிடம், "வளர்ற பையன், கொஞ்சம் லூசா விட்டே தைங்கண்ணே" என்பார். துணியைத் தண்ணீரில் ஒரு ராத்திரி ஊறப்போட்டு, காய வைத்து, சுருங்குகிறது எல்லாம் சுருங்கிய பிறகுதான் தைக்கக் கொடுப்பார். கீழ் மடிப்பு மூன்று விரல் கனத்துக்கு இருக்கும். பக்கத் தையலுக்கு உள்ளேயும் துணி விட்டிருப்பார்கள். ஆண்டுக்கு ஒரு மடிப்பைப் பிரித்துவிட்டால் போதும். பிரித்த இடத்தில் மட்டும் பழைய காக்கி பளிச்சென்று தெரியும். வகுப்பில் பாதிப் பேருக்கு அப்படித்தான் தெரிந்தது. அதனால் யாரும் யாரையும் கேலி செய்யவில்லை. சட்டைக்கு நீலம் போட்டு, பித்தளைச் சொம்பில் அடுப்புக் கங்கை அள்ளிப் போட்டுத் தேய்த்தால் முடிந்தது.

அந்த டவுசர் மூன்று பேருக்கு உழைத்ததற்குத் துணி மட்டும் காரணம் இல்லை. நிறமும் மாதிரியும் மாறவில்லை என்பதே பெரிய காரணம். ஊரில் எந்தக் கடையிலும் கிடைக்கும். எந்தத் தையல்காரரும் தைப்பார். எந்த அண்ணனுடையதும் எந்தத் தம்பிக்கும் ஆகும்.

ஒன்று நான்கானது

எம்.ஜி.ஆர். 1982-ல் சத்துணவுத் திட்டத்தைக் கொண்டுவந்தார். 1985-ல் சத்துணவு சாப்பிடும் பிள்ளைகளுக்கு இலவசச் சீருடைத் திட்டம் வந்தது. பிறகு அது எட்டாம் வகுப்பு வரை என்று நிலைத்தது. துணி நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்களில் இருந்து வரும். தைப்பது சமூகநலத் துறையின் மகளிர் தையல் கூட்டுறவுச் சங்கங்கள். ஆக, பிள்ளைக்குச் சட்டை கிடைத்தது, தறிக்காரருக்கும் தையல் தெரிந்த பெண்களுக்கும் வேலை கிடைத்தது. முதலில் ஆண்டுக்கு ஒரு செட்டாக இருந்தது 2012-13 முதல் நான்கு செட் ஆனது. துவைத்துக் காயப்போடும் கணக்கு இப்போதுதான் சரியானது.

ஒன்றிய அரசின் சமக்ர சிக்ஷா திட்டத்தில் ஒரு பிள்ளைக்கு இரண்டு செட்டுக்கு ஒதுக்கும் தொகை 600 ரூபாய். நம் குடியிருப்பில் எல்.கே.ஜி. பிள்ளைக்குக் கொடுத்த ரசீதை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மேலே நான் எதுவும் சொல்லத் தேவையில்லை.

ஒரு ஜோடித் தோடு

1990-களில் நான் ஒரு சிறு நகரக் கிளையில் நகைக் கடன் பிரிவில் இருந்தேன். வங்கியில் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும், மே கடைசியிலும் ஜூன் முதல் வாரத்திலும் அந்தக் கவுன்டரில் மூச்சு விட நேரம் இருக்காது. பள்ளிக் கட்டணம், புத்தகம், சீருடை எல்லாம் ஒன்றாக வரும்.

அப்படி ஒரு நாள் ஒரு பெண் சின்னத் தோடு ஒரு ஜோடி கொண்டுவந்தார். குழந்தையின் காதில் இருந்து கழற்றியது. மதிப்பீட்டாளர் எடை போட்டார், சொற்பத் தொகைதான் வந்தது. "ஏம்மா, ரெண்டு சட்டை எடுக்கிறதுக்குப் போய் நகையை வைக்கணுமா? போன வருஷத்துச் சட்டையே போதாதா?" என்று கேட்டுவிட்டேன். புத்திமதி சொல்வதாக நினைப்பு எனக்கு.

அவர் கோபப்படவில்லை. "போன வருஷம் எடுத்தது இன்னும் கிழியலை சார். மடிப்பு பிரிச்சா நல்லாத்தான் இருக்கும். ஸ்கூல்ல கலர் மாத்திட்டாங்க" என்றார்.

எனக்குப் பதில் இல்லை. சீட்டில் முத்திரை குத்திக் கொடுத்தேன். அவர் பிறகு வந்து நகையை மீட்டாரா என்று நான் பார்க்கவில்லை. அந்த ஆண்டே வேறு கிளைக்கு மாற்றலாகிவிட்டது. அப்படிக் கேட்டிருக்க வேண்டாம் என்று இன்றும் தோன்றும்.

தேய்மானக் கணக்கு

பி.காம். முதல் ஆண்டிலேயே தேய்மானம் சொல்லிக் கொடுப்பார்கள். இயந்திரம் ஓட ஓட அதன் மதிப்பு குறையும். சிறு பிள்ளையின் சீருடையில் கணக்கு தலைகீழ். துணி தேயும் முன்பே பிள்ளை வளர்ந்துவிடுகிறது.

ஒரு செட் 1,200 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மூன்று செட் 3,600. பள்ளி நாட்கள் 200 என்றால் ஒரு நாளைக்கு 18 ரூபாய். அதையே அடுத்த ஆண்டு இன்னொரு பிள்ளை போட்டால் 9 ரூபாய். மூன்றாவது பிள்ளைக்கும் போனால் 6 ரூபாய். துணியில் அந்த உழைப்பு இருக்கிறது. ஆனால் கட்டத்தை மாற்றினால், பையில் சின்னத்தை நெய்தால், புதன்கிழமைக்குத் தனி ஹவுஸ் டி-ஷர்ட் என்றால், அந்த மிச்ச மதிப்பு ஒரே நாளில் பூஜ்யம். நம் கணக்கு இடித்தது இங்கேதான்.

வாங்கும்போது

இனி வாங்கப் போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். பாலியெஸ்டர் இழையை 1941-ல் இங்கிலாந்தில் கண்டுபிடித்தார்கள். 1970-களில் டெரிகாட்டன் நம் வீடுகளுக்குள் வந்தபோது கஞ்சி வேண்டாம், இஸ்திரி வேண்டாம் என்று அம்மாக்கள் கும்பிட்டார்கள். உழைப்பு அதிகம் என்பதும் உண்மை. ஆனால் பாலியெஸ்டர் கூடினால் வியர்வையை உறிஞ்சாது. நம் வெயிலில் நான்கு வயதுப் பிள்ளைக்கு வேர்க்குரு வராமல் இருக்க, பருத்தி கூடுதலாக உள்ள துணியாகப் பாருங்கள். உட்புற லேபிளில் விகிதம் போட்டிருக்கும்.

கொக்கியும் ஜிப்பும் வைத்த பேன்ட்டை எல்.கே.ஜி. பிள்ளை அவசரத்துக்குத் தானாகக் கழற்ற முடியாது. இடுப்பில் எலாஸ்டிக் இருக்கட்டும். பட்டன் பெரிதாக இருக்கட்டும். ஷூவுக்குக் கயிற்றைவிட ஒட்டும் பட்டை நல்லது. கீழ் மடிப்பைத் திருப்பிப் பாருங்கள். இரண்டு விரல் கனமாவது இல்லையென்றால் அந்த உடை ஓர் ஆண்டுக்குத்தான். ஜூனில் எல்லாவற்றையும் மொத்தமாக வாங்கிவிடாமல் இரண்டு செட் மட்டும் எடுத்து, மற்றதைப் பிள்ளை வளர்ந்தபின் எடுக்கலாம்.

இங்கிலாந்தில் 2021-ல் சீருடைச் செலவுக்கென்றே ஒரு சட்டம் போட்டுவிட்டார்கள். சின்னம் பதித்த உருப்படிகளைக் குறைக்க வேண்டும், பயன்படுத்திய சீருடை பெற்றோருக்குக் கிடைக்க வழி செய்ய வேண்டும் என்று அதன்படி பள்ளிகளுக்கு நெறிமுறை வந்தது. இங்கே சி.பி.எஸ்.இ.யும் 2017 ஏப்ரலில், குறிப்பிட்ட கடையில்தான் புத்தகமும் சீருடையும் வாங்க வேண்டும் என்று பெற்றோரை வற்புறுத்தக் கூடாது என்று தன் பள்ளிகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. பெற்றோர் கூட்டத்தில் மரியாதையாக எழுந்து, "இந்த மாதிரியை ஐந்து ஆண்டுக்கு மாற்றாமல் இருக்க முடியுமா?" என்று கேளுங்கள். ஒருவர் கேட்டால் குறை. இருபது பேர் கேட்டால் கோரிக்கை.

நம்மால் உடனே முடிவது ஒன்று உண்டு. சங்க அலுவலகத்தில் ஓர் அலமாரி சும்மா நிற்கிறது. சின்னதாகிப்போன சீருடைகளைத் துவைத்து, பள்ளியின் பெயரும் அளவும் எழுதிய சீட்டைக் குத்தி அங்கே வையுங்கள். வேண்டியவர் எடுத்துக்கொள்ளட்டும். நம் காவலர் வீட்டுப் பிள்ளையும் எடுக்கலாம், பென்ட்ஹவுஸ் பிள்ளையும் எடுக்கலாம். யார் வைத்தது, யார் எடுத்தது என்று பதிவேடு வேண்டாம். நாற்பது ஆண்டு பதிவேடு எழுதியவன் சொல்கிறேன், இதற்கு மட்டும் வேண்டாம். சீருடை போட்டால் யார் வீட்டுப் பிள்ளை என்று தெரியக் கூடாது. அதற்குத்தானே அது வந்தது?

என் பேரனின் 24 சைஸ் டவுசர் இரண்டை நான் நேற்றே வைத்துவிட்டேன். மடிப்பு இன்னும் பிரிக்கவில்லை.



— சி பிளாக் குடியிருப்பாளர், ஓய்வுபெற்ற வங்கி ஊழியர்