அனலும் புனலும்: மேட்டூர் முதல் மோகனூர் வரை கருத்துக் கேட்பின் வரலாறு

மின்னாக்கும் நிலையங்களை அனல் மின் நிலையம், புனல் மின் நிலையம் எனத் தமிழில் வழங்குகின்றோம். இவ்விரு சொற்களையும் ஒருங்கு வைத்து நோக்குங்கால் தமிழ் பயின்றார்க்கு உடனே நினைவில் எழுவன, மதுரையில் திருஞானசம்பந்தர் சமணரோடு நிகழ்த்தியனவாகப் பெரியபுராணம் உரைக்கும் அனல்வாதமும் புனல்வாதமும் ஆகும். அரசன் முன்னிலையில், ஊரார் காண, ஏட்டை எரியிலும் ஆற்றிலும் இட்டு வழக்கைத் தீர்த்த செய்தி அது. கலைச்சொல் ஆக்கியோர் அதனைக் கருதியே ஆக்கினர் என யாம் கூறவில்லை. எதுகை நயமே காரணமாதல் கூடும். எனினும், நிலக்கரி எரிக்கும் நிலையங்களைப் பற்றித் தமிழ்நிலத்தில் எழுந்துள்ள வாதும் அனலையும் புனலையும் பற்றியதே. அவ்வாதில் யார் பேசலாம், பேசியது எம்மொழியில் எங்குப் பதியப்பெறும் என்பனவற்றின் வரலாற்றை ஈண்டு ஆராய்வாம்.

மேட்டூர் அணையின் பணி 1925-இல் தொடங்கி 1934-இல் நிறைவெய்தியது. நீர்த்தேக்கத்துள் ஊர்கள் பல மூழ்கின. நீர் வற்றுங் காலத்துப் பண்ணவாடியில் தலைகாட்டும் நந்தி அவற்றின் எச்சமாம். அவ்வூரார் தம் மறுப்பை யாண்டு உரைத்திருத்தல் கூடும்? 1894-ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டத்தில் 1923-இல் சேர்க்கப்பெற்ற 5-அ பிரிவு மறுப்புரைக்க ஒரு வாயிலைத் திறந்தது. ஆயின், அவ்வாயில் நிலத்தில் சட்டம் ஏற்கும் தொடர்புடையார்க்கே உரியதாயிற்று. கூலியாளுக்கும் மீன்பிடிப்பார்க்கும் பரிசலோட்டிக்கும் அதில் இடமில்லை. கருத்துக் கேட்பின் வரலாறு இக்குறையோடுதான் தொடங்குகின்றது.

அணையை ஒட்டிய புனல் மின் நிலையம் 1937-இல் இயங்கலாயிற்று. சரியாக அரை நூற்றாண்டு கழித்து, 1987-இல், அவ்வூரிலேயே அனல் மின் நிலையத்தின் முதல் அலகு எழுந்தது. 1990-க்குள் 210 மெகாவாட்டு அலகுகள் நான்கு நிறைந்து ஆற்றல் 840 மெகாவாட்டாயிற்று. 2013-இல் 600 மெகாவாட்டு அலகொன்றும் சேர்ந்தது. ஒரிசாவின் தால்ச்சேர்ச் சுரங்கத்து நிலக்கரி பாரதீப்பில் கப்பலேறி எண்ணூரில் இறங்கிப் புகைவண்டியில் மேட்டூர் வந்தடைகின்றது. இந்திய நிலக்கரியில் சாம்பல் 30 முதல் 45 விழுக்காடு வரை உண்டு. நூறு வண்டி கரி வந்தால் முப்பது வண்டிக்குக் குறையாத சாம்பல் அவ்வூரிலேயே தங்கும் என்பது இதன் பொருள். அதனைச் செங்கல், சிமெண்டு முதலியவற்றிற்குப் பயன்படுத்துமாறு பணிக்கும் அறிவிக்கை 1999-இல்தான் வந்தது.

முதல் அலகு இயங்கிய 1987-இல் நீர்ச் சட்டம் (1974), காற்றுச் சட்டம் (1981), சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் (1986) ஆகிய மூன்றும் இருந்தன. அவற்றுள் ஒன்றேனும் ஊராரைக் கூட்டிக் கேட்க வேண்டும் எனப் பணிக்கவில்லை. 1994-ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையில் 1997 ஏப்பிரலில் செய்யப்பெற்ற திருத்தமே பொதுக் கருத்துக் கேட்பைக் கட்டாயமாக்கிற்று. 2006 செப்டம்பர் 14-இல் வந்த புதிய அறிவிக்கை முறைகளை விரித்துரைத்தது. மாவட்ட ஆட்சியரோ அவர்தம் நிகராளரோ தலைமை தாங்குவர். முப்பது நாள் முன்னறிவிப்பு வேண்டும். நிகழ்ச்சி முழுதும் படப்பதிவு செய்யப்பெறும். முடிவில் கூறியவற்றின் சுருக்கம் கூட்டத்தார்க்கு அவர்தம் மொழியில் விளக்கிப் படிக்கப்பெற்று அன்றே கையொப்பமிடப்பெறும். 1923-இல் நிலமுடையார்க்கே திறந்த வாயில், நிலமில்லாதார்க்கும் இவ்வாறு திறந்தது.

மொழி பற்றிய செய்தி இங்குத் தமிழாய்வார்க்குச் சிறப்பாக உரியது. மதிப்பீட்டு அறிக்கை பல நூறு பக்கம் ஆங்கிலத்தில் அமையும். அதன் சுருக்கமே தமிழில் வருதல் வேண்டும் என்பது விதி. அட்டவணையும் கணக்கும் ஆங்கிலத்தில் நின்றுவிட, முடிபு மட்டும் தமிழில் வந்தால், ஊரார் எதனை மறுப்பர்? எதிர்த்திசையிலும் இடையூறு உண்டு. காயப்போட்ட வேட்டி மாலைக்குள் கறுத்துவிடுகிறது என ஒருவர் கூறுவாராயின், அக்கூற்று குறிப்பேட்டில் 'காற்று மாசு குறித்த ஐயம்' என்றாகிவிடும். கண்டது ஐயமாகத் திரிகின்றது! சான்றாகத்தக்க சொல், பெயர்ப்பில் உணர்ச்சியாகக் குறைகின்றது. 2020-இல் புதிய வரைவு அறிவிக்கை வெளிவந்தபோது அதனை எட்டாம் அட்டவணை மொழிகளில் வெளியிடுமாறு தில்லி உயர்நீதிமன்றம் பணித்தமை இவ்வழக்கின் ஆழத்தைக் காட்டும்.

'கேட்டல்' என்னும் வினைக்குத் தமிழில் செவிமடுத்தல், வினவுதல், சொற்படி ஒழுகுதல் என்னும் மூன்று பொருளும் உண்டு. சட்டம் முதற்பொருளையே கொள்கின்றது. ஊரார் மூன்றாவதனை எதிர்பார்த்துக் கூட்டத்திற்கு வருகின்றனர். கூட்டங்களில் எழும் சினத்திற்குப் பாதிக் காரணம் இச்சொல்லே எனலாம்.

சினம் பயனளித்த இடங்களும் உள. இராமநாதபுரம் உப்பூரில் 1600 மெகாவாட்டுத் திட்டம் 2021-இல் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வால் தடையுற்றது. ஈழத்துச் சம்பூரில் போரால் 2006-இல் வெளியேறிய மக்களின் நிலத்தை ஒட்டி எழவிருந்த 500 மெகாவாட்டு நிலக்கரி நிலையம் அமைக்கப்பெறாது என 2016 செப்டம்பரில் இலங்கை அரசு உச்சநீதிமன்றத்தில் தெரிவித்தது.

மறுபக்கத்தை மறைத்தல் தகாது. சேலம், கோவைப் பகுதி உழவர் 1970, 1972 ஆண்டுகளில் நாராயணசாமி நாயுடு தலைமையில் மின்கட்டணத்தை எதிர்த்துப் போராடித் துப்பாக்கிக் குண்டுகட்கு இரையானமை மறக்கற்பாலது அன்று. கிணற்று நீரை இறைக்க மின்சாரம் வேண்டி உயிர்கொடுத்த நிலம் இது. மின்சாரம் வேண்டும் என்பாரும் சாம்பல் வேண்டா என்பாரும் இருவேறு மக்கள் அல்லர். பலகால் ஒரே குடும்பத்தாரே. மக்கள் முன்னேற்றத்திற்குப் பகை என்னும் எளிய குற்றச்சாட்டு இவ்வரலாற்றின் முன் நில்லாது.

இனி மோகனூரை நோக்குவாம். மேட்டூருக்குக் கீழே, ஆற்றுவழி நூறு கிலோமீட்டருக்குக் குறையாத தொலைவில், காவிரியின் வடகரையில் அமைந்த ஊர் இது. ஜேடர்பாளையம் படுகையணையில் பிரியும் வாய்க்கால்களால் வாழையும் கரும்பும் வெற்றிலையும் விளையும் புலம். அனல் நிலையத்தின் தாக்கத்தை ஆராய்வோர் வழக்கமாகப் பத்துக் கிலோமீட்டர் ஆரமுடைய வட்டத்தை வரைந்து கொள்வர். 2025 சூலையில் கந்தகப் புகையை வடிகட்டும் கருவியினின்று பெரும்பான்மை நிலையங்களை விலக்கிய நடுவண் அரசின் அறிவிக்கையும் பெருநகரிலிருந்து பத்துக் கிலோமீட்டர் என்பதனையே ஓர் அளவாகக் கொண்டது. காற்றும் ஆறும் வட்டமாக ஓடுவதில்லை. மேட்டூர்க் கழிவு மோகனூர் வரை வருகின்றது என யாம் சாதிக்க முற்படவில்லை, அஃது அளந்தறிதற்குரியது. அளக்குமாறு கேட்கும் உரிமை வட்டத்திற்கு வெளியே வாழ்வார்க்கு உண்டா என்பதே எம் வினா.

இவ்வினா மோகனூரார்க்குத் தொலைவில் உள்ளதன்று. வளையப்பட்டி, என். புதுப்பட்டி, பரளி, அரூர் ஆகிய ஊர்களை ஒட்டிச் சிப்காட் தொழிற்பேட்டை அமைக்கும் முயற்சியை அண்மை ஆண்டுகளில் அவ்வட்டார உழவர் எதிர்த்து வந்துள்ளனர். அங்கு எழுவது எத்தொழில் என்பது ஒருபுறம் இருக்க, சுற்றுச்சூழல் இசைவு பெற்ற தொழிற்பேட்டையினுள் அமையும் ஆலைகட்குத் தனித்தனியே கருத்துக் கேட்பு வேண்டா என 2006 அறிவிக்கை விலக்களிக்கின்றது. ஆகலின், பேட்டைக்கெனக் கூட்டம் ஒன்று நிகழுமாயின், பின்னர் வரும் ஆலைகள் அனைத்தையும் பற்றி அவ்வூரார் சொல்லவேண்டுவனவற்றை அந்த ஒரு நாளிலேயே சொல்லி, அன்று மாலை படிக்கப்பெறும் குறிப்பில் தம் சொல் தம் சொல்லாகவே இருக்கின்றதா என ஒப்புநோக்கியும் ஆக வேண்டும்.