அழுகைக்கு நான்கு காரணங்கள்

துயரம், சோகம், அவலம், ஏக்கம், இரங்கல் எனத் தமிழில் வருத்தத்தைக் குறிக்கும் சொற்கள் பல. இவற்றை ஒருபொருட் பன்மொழிகளாகக் கொண்டு கடந்துவிடுவது இன்றைய வழக்கம். பழைய இலக்கண ஆசிரியர்கள் அவ்வாறு கடக்கவில்லை. தொல்காப்பிய மெய்ப்பாட்டியல், எட்டு மெய்ப்பாடுகளுள் நகைக்கு அடுத்து அழுகையை வைத்து, அது தோன்றும் நிலைக்களன்கள் நான்கு என வரையறுக்கிறது. அவை இழிவு, இழவு, அசைவு, வறுமை என்பன.

இவ்வகைப்பாட்டின் அளவுகோல் கவனத்திற்குரியது. துயரம் எத்துணை ஆழமானது, எத்தனை நாள் நீடித்தது என்று அது கேட்கவில்லை. எதனால் வந்தது என்று கேட்கிறது. நான்கனுள் இழவு மட்டுமே இறப்போடு நேரடித் தொடர்புடையது. பிறர் ஒருவரை எளியராக நடத்துவதால் பிறப்பது இழிவு. முன்னைய நிலை கெட்டு, வேறொரு நிலையை அடைந்து வருந்துதலே அசைவு என்பது பேராசிரியர் கருத்து. வறுமையை இளம்பூரணர் நல்குரவு எனக் கொள்ள, பேராசிரியரோ துய்க்க வேண்டியதைத் துய்க்கப் பெறாத உள்ளத்தின் பற்றையும் அச்சொல்லுக்குள் அடக்குகிறார். ஆக, அழுபவரின் உள்ளத்தை மட்டும் ஆராய்ந்தால் போதாது. அவரைச் சூழ்ந்திருப்போரின் செயலையும் ஆராய வேண்டும் என்பது இவ்வகைப்பாட்டின் உட்கிடை.

புறநானூற்றில் இந்நான்கிற்கும் சான்றுகள் உள்ளன. சிறையில் தண்ணீர் கேட்டு உடனே பெறாத சேரமான் கணைக்கால் இரும்பொறையின் பாட்டில் (புறம். 74) பேசுவது தாகமன்று, இழிவு. மனைவியை இழந்தபின்னும் தான் உயிரோடிருப்பதை எண்ணித் திகைக்கும் சேரமான் மாக்கோதையின் பாட்டு (புறம். 245) இழவுக்குரியது. தந்தையையும் குன்றையும் ஒருங்கே இழந்த பாரி மகளிர் (புறம். 112) சென்ற திங்களையும் இத்திங்களையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போது, இழவும் அசைவும் ஒன்றாகக் கலக்கின்றன. பெருந்தலைச் சாத்தனார் குமணன்முன் வைக்கும் அடுப்பெரியாத வீடு (புறம். 164) வறுமையின் அழுகை. நான்கும் துயரமே. எனினும் ஒன்றுக்குரிய மருந்து மற்றொன்றுக்கு ஆகாது. வறுமைக்குப் பரிசில் விடையாகும். இழிவுக்கு அது விடையாகாது.

பேராசிரியர் மேலும் ஒரு வேறுபாட்டைக் காட்டுகிறார். அழுகை என்பது தானே அவலித்தலும், பிறர் அவலங்கண்டு அவலித்தலும் என இருவகைப்படும். முன்னதை அவலம் எனவும் பின்னதைக் கருணை எனவும் பிரித்தால் சுவை ஒன்பதாகும் என்கிறார். இந்த இரண்டாம் வகைக்கு நான் வாழும் ஹைதராபாத் நகரமே ஒரு வரலாற்றுச் சான்று. குஷாய்குடாவுக்கு அருகிலுள்ள மௌலா அலி குன்றின்மேல் இமாம் அலியின் பெயரால் ஒரு தர்கா உள்ளது. அவருடைய மகன் ஹுசைன் கி.பி. 680இல் கர்பலாவில் கொல்லப்பட்டார். அத்துயரை நினைவுகூர முகம்மது குலி குதுப் ஷா 1590களில் இந்நகரில் பாதுஷாஹி ஆஷூர்கானாவைக் கட்டினார். தக்கனி மொழியில் மர்சியா என்னும் இரங்கற்பாக்களையும் இயற்றினார். இன்றும் முஹர்ரம் பத்தாம் நாளில் பீபி கா ஆலம் ஊர்வலம் தபீர்புராவிலிருந்து புறப்படுகிறது. பதின்மூன்று நூற்றாண்டுகளுக்கு முன் வேறொரு நிலத்தில் நேர்ந்த இழப்பைத் தன் இழப்பாகக் கொண்டு அழக் கற்ற நகரம் இது.

இதே நகரில், 2016 ஜனவரி 17 அன்று ஹைதராபாத் மத்தியப் பல்கலைக்கழக ஆய்வு மாணவர் ரோஹித் வேமுலா உயிரிழந்தார். அவர் உள்ளிட்ட ஆய்வு மாணவர் ஐவர் அதற்குமுன் விடுதியிலிருந்து நீக்கப்பட்டிருந்தனர். ஏழு மாத உதவித்தொகை தமக்கு வரவேண்டியிருப்பதை அவர் விட்டுச்சென்ற கடிதம் குறிப்பிட்டது. ஒன்றிய அரசு அமைத்த ஏ. கே. ரூபன்வால் ஆணையமோ, பல்கலைக்கழகத்தின் நடவடிக்கை காரணமன்று, தனிப்பட்ட விரக்தியே காரணம் என்று முடிவுசெய்தது. மெய்ப்பாட்டியலைப் பயின்றவர் இவ்விடத்தில் நின்று யோசிக்க வேண்டும். விடுதியிலிருந்து நீக்கப்படுதல் இழிவின்பாற்படும். உதவித்தொகை வாராமை வறுமையின்பாற்படும். இவ்விரண்டையும் விலக்கிவிட்டு எஞ்சியதற்கு விரக்தி எனப் பெயரிட்டால், துயரம் அழுதவரின் குறைபாடாகச் சுருங்கிவிடுகிறது.

மனச்சோர்வு ஒரு நோய் என்பதையோ, அதற்கு மருத்துவம் இன்றியமையாதது என்பதையோ நான் மறுக்கவில்லை. எந்தக் காரணத்தால் வந்த துயரமாயினும், தாங்க இயலாதபோது உதவி நாடுவதே முறை. ஆயினும் கல்வி நிறுவனங்களில் மாணவரின் ஒவ்வொரு வருத்தமும் இன்று அவ்வொரு சொல்லுக்குள் அடைக்கப்பட்டு, ஆலோசனை அறைக்கு அனுப்பப்படுகிறது. இழிவுக்கு உள்ளானவருக்குத் தேவையானது நீதி. உதவித்தொகை வாராதவருக்குத் தேவையானது அத்தொகை. ஆலோசனை அறையால் இவற்றை வழங்க இயலாது.

நம் துறைகளில் தொல்காப்பியத்தின் இந்நான்கு சொற்களும் தேர்வுக்கு மனப்பாடம் செய்யப்படுகின்றன. அடுத்தமுறை ஒரு மாணவர் தமக்கு மனம் சரியில்லை என்று நம்மிடம் வந்து சொன்னால், இந்நான்கையும் வினாக்களாக மாற்றி அவரிடம் கேட்டுப் பார்க்கலாம். யாரேனும் இழிவுபடுத்தினரா? யாரை, எதை இழந்தீர்? எந்நிலையிலிருந்து தாழ்ந்தீர்? கையில் பணம் இருக்கிறதா? பேராசிரியர் கருணை என்றது இவ்வினாக்களிலிருந்தே தொடங்கக்கூடும்.