ஒப்பந்தம் முடிந்தும் விடாத பிடி: போஸ்மன் தீர்ப்பு பிறந்த கதை

2024 ஜூலையில் கிலியன் எம்பாப்பே பாரிஸ் சாங் ஜெர்மானிலிருந்து ரியால் மாட்ரிட்டுக்குப் போனார். அவரை மொனாகோவிடமிருந்து எடுக்க பாரிஸ் கிளப் கொடுத்த விலை 18 கோடி யூரோ என்று அப்போது பேசப்பட்டது. அவர் போகும்போது அந்தக் கிளப்பின் கைக்குப் பரிமாற்றத் தொகையாக ஒரு காசும் வரவில்லை. ஜூன் 30-ல் ஒப்பந்தம் முடிந்தது, மறுநாள் அவர் வேறு கிளப்பின் ஆள்.

வேலை ஒப்பந்தம் முடிந்தால் பிடித்த இடத்துக்குப் போவது உலக வழக்கம். இதில் என்ன அதிசயம் என்று இன்றைய ரசிகர் கேட்கலாம். அந்த உலக வழக்கம் கால்பந்துக்குள் நுழைய நூறு வருடத்துக்கு மேல் பிடித்தது. அதை உள்ளே கொண்டுவந்தவர் பெரிய நட்சத்திரமும் அல்ல. பெல்ஜியத்தின் லியேஜ் நகரத்தைச் சேர்ந்த, ஊருக்கு வெளியே பெயர் தெரியாத ஒரு நடுக்கள ஆட்டக்காரர்.

தொழில்முறை ஆட்டக்காரரைக் கிளப்போடு கட்டுவது இரண்டு காகிதங்கள். முதலாவது ஒப்பந்தம். சம்பளம் எவ்வளவு, எதுவரை என்பது அதில் இருக்கும். இரண்டாவது பதிவு. இன்னார் இன்ன கிளப்புக்கு மட்டுமே ஆடலாம் என்று சங்கத்தின் ஏட்டில் ஏறும் வரி அது. 1885-ல் காசு வாங்கி ஆடுவதை இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் அனுமதித்தபோதே பதிவையும் கட்டாயமாக்கியது. காரணம் நியாயமானதுதான். இந்தச் சனிக்கிழமை ஒரு அணி, அடுத்த சனிக்கிழமை எதிரணி என்று ஆட்கள் தாவினால் போட்டி நடத்த முடியாது.

1888-ல் 12 கிளப்புகள் சேர்ந்து கால்பந்து லீக்கைத் தொடங்கின. 1893-ல் அந்த லீக் போட்ட விதி நியாயத்தின் எல்லையைத் தாண்டியது. பழைய கிளப்பின் சம்மதம் இல்லாமல் பதிவு இடம் மாறாது என்றது அது. ஒப்பந்தம் தீர்ந்துபோனாலும் பதிவு தீராது. பருவம் முடிந்ததும் ஒவ்வொரு கிளப்பும் இரண்டு பட்டியல் போடும். ஒன்று தக்கவைக்கும் ஆட்களுக்கு, மற்றது விற்பனைக்கு விடும் ஆட்களுக்கு. தக்கவைத்தவர்களின் பட்டியலில் பெயர் ஏறிவிட்டால் கொடுக்கும் சம்பளத்துக்குக் கையெழுத்துப் போட வேண்டும். மாட்டேன் என்றால் சம்பளமும் கிடையாது, லீக்கின் வேறு எந்தக் கிளப்பிலும் இடமும் கிடையாது. பள்ளிக்கூடம் டி.சி. தராமல் பிடித்துவைத்தால் பையன் வேறு பள்ளியிலும் சேர முடியாமல் நிற்பான் அல்லவா, அதே நிலைமை.

கூடவே 1901-ல் சம்பளத்துக்கும் உச்சவரம்பு வந்தது, வாரத்துக்கு 4 பவுண்டு. 1905-ல் ஆல்ஃப் காமன் என்ற முன்கள ஆட்டக்காரருக்காக மிடில்ஸ்பரோ கிளப் சன்டர்லாண்டுக்கு 1,000 பவுண்டு கொடுத்தது. ஓர் ஆட்டக்காரருக்கு நான்கு இலக்க விலை வைத்தது அதுவே முதல் முறை. ஆள் ஆயிரம் பவுண்டு பெறுவார், ஆனால் அவருடைய வாரச் சம்பளம் நாலு பவுண்டைத் தாண்டக் கூடாது.

இதை எதிர்த்து முதலில் கோர்ட் ஏறியவர் ஹெர்பர்ட் கிங்கபி. ஆஸ்டன் வில்லா கிளப் தன் பதிவைப் பிடித்துவைத்து வழியடைத்தது என்று வழக்குப் போட்டார். ஆட்டக்காரர் சங்கம் செலவை ஏற்றது. 1912-ல் வழக்கு தோற்றது, செலவின் சுமையில் சங்கமே கிட்டத்தட்டப் படுத்துவிட்டது. அதன் பிறகு ஐம்பது வருடம் யாரும் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை.

அடுத்து வந்தவர் ஜார்ஜ் ஈஸ்ட்ஹாம், நியூகாசில் யுனைடெட்டின் நுட்பமான முன்கள ஆட்டக்காரர். கிளப் கொடுத்த வீடு சரியில்லை, சொன்ன பக்கவேலை சரியில்லை என்று அவருக்கும் கிளப்புக்கும் உரசல். 1960-ல் ஒப்பந்தம் முடிந்ததும் வேறு கிளப்புக்கு விடுங்கள் என்றார். நியூகாசில் மறுத்தது. ஈஸ்ட்ஹாம் பூட்ஸைக் கழற்றி வைத்துவிட்டு இங்கிலாந்தின் தென்பகுதிக்குப் போய், தெரிந்தவரின் நிறுவனத்துக்காகத் தக்கை விற்கும் வேலையில் சேர்ந்தார். தக்கை விற்றால் கிளப்பில் கிடைத்ததைவிட அதிகம் கிடைத்தது! சில மாதத்தில் நியூகாசில் இறங்கிவந்து 47,500 பவுண்டுக்கு அவரை ஆர்சனலுக்கு விற்றது.

அவர் கேட்டது கிடைத்துவிட்டது, அத்தோடு விட்டிருக்கலாம். ஆட்டக்காரர் சங்கம் விடவில்லை. 1961 ஜனவரியில்தான் வேலைநிறுத்த மிரட்டலால், அதற்குள் 20 பவுண்டாகியிருந்த சம்பள உச்சவரம்பை உடைத்திருந்தார்கள். அடுத்த குறி பதிவுதான் என்று ஈஸ்ட்ஹாமின் பெயரிலேயே வழக்கைத் தொடர்ந்தார்கள். 1963 ஜூலையில் நீதிபதி ரிச்சர்ட் வில்பர்ஃபோர்ஸ் தீர்ப்புச் சொன்னார். ஒப்பந்தம் முடிந்தவரைத் தக்கவைக்கும் விதி, ஒருவர் தொழில் செய்வதற்கு நியாயமில்லாத தடை என்றார். ஆட்டக்காரர்களை அடிமைகளோடு ஒப்பிட்டுப் பேசிவந்த காலம் அது. தீர்ப்பு எழுதியவரோ அடிமை வியாபாரத்தை எதிர்த்த வில்லியம் வில்பர்ஃபோர்ஸின் வழித்தோன்றல்.

வில்பர்ஃபோர்ஸ் பாதிக் கட்டைத்தான் அறுத்தார். ஆளை அடைத்துவைக்க முடியாது என்றானது. விலை கேட்க முடியாது என்று ஆகவில்லை. எழுபதுகளின் கடைசியில் இங்கிலாந்தில் ஒப்பந்தம் முடிந்தவர் போகலாம் என்ற நிலை வந்தபோதும் புதிய கிளப் பழைய கிளப்புக்குத் தொகை கொடுத்தாக வேண்டும். ஐரோப்பாவின் மற்ற நாடுகளிலும் ஏறக்குறைய இதே கதைதான். வாங்குகிறவர் விலையைக் கொடுக்கத் தயாரில்லை என்றால் சுதந்திரம் ஏட்டுச் சுரைக்காய்.

அந்த இடத்தில்தான் ழான் மார்க் போஸ்மன் வருகிறார். 1990-ல் அவருக்கு வயது 25. ஆர்.எஃப்.சி. லியேஜ் கிளப்பில் போனஸ் எல்லாம் சேர்த்து மாதம் சராசரியாக 1,20,000 பெல்ஜிய பிராங்க் வாங்கிக்கொண்டிருந்தார். ஜூன் 30-ல் ஒப்பந்தம் முடிகிறது. ஏப்ரலில் கிளப் புதிய ஒப்பந்தத்தை நீட்டியது. சம்பளம் மாதம் 30,000 பிராங்க். நாலில் ஒரு பங்கு, பெல்ஜிய சங்கத்தின் விதிப்படி கொடுக்கக்கூடிய குறைந்தபட்சம். போஸ்மன் மறுத்தார், பெயர் விற்பனைப் பட்டியலுக்குப் போனது. வைத்த விலை 1,17,43,000 பிராங்க்.

அந்த விலை எங்கிருந்து வந்தது? பெல்ஜியத்தில் அதற்கு ஒரு கணக்கு இருந்தது. ஆட்டக்காரரின் வருட வருமானத்தை அவருடைய வயதைப் பொறுத்து 2 முதல் 14 வரை ஓர் எண்ணால் பெருக்க வேண்டும். வயது குறைந்தால் எண் கூடும். வீரனை வளர்த்த செலவுக்கு ஈடு என்று அதற்குப் பெயர். ஆக, கொடுக்கும்போது கால்வாசி, கேட்கும்போது கோடிக்கு மேல். அந்த விலைக்கு யாரும் வரவில்லை.

வட கடலின் கரையில், அப்போது பிரான்சின் இரண்டாம் பிரிவில் ஆடிய டன்கர்க் கிளப் மட்டும் வேறு வழியில் வந்தது. ஜூலை 27 அன்று லியேஜும் டன்கர்க்கும் கையெழுத்துப் போட்டன. ஒரு வருடத்துக்கு 12 லட்சம் பிராங்க், பிடித்திருந்தால் மேலும் 48 லட்சம் கொடுத்து முழுதாக எடுத்துக்கொள்ளலாம். போஸ்மனுக்கு மாதம் சுமார் ஒரு லட்சம். ஒரே நிபந்தனை. பெல்ஜிய சங்கம் கொடுக்கும் பரிமாற்றச் சான்றிதழ் பிரெஞ்சு சங்கத்தின் கைக்கு, பருவத்தின் முதல் ஆட்டத்துக்குள் வந்துசேர வேண்டும். அந்த ஆட்டம் ஆகஸ்ட் 2-ல். டன்கர்க்கிடம் பணம் இருக்கிறதா என்று லியேஜுக்குச் சந்தேகம் வந்தது. சான்றிதழை அனுப்பச் சொல்லித் தன் சங்கத்திடம் அது கேட்கவே இல்லை. கெடு கடந்தது, இரண்டு ஒப்பந்தங்களும் செத்தன. ஜூலை 31 அன்று லியேஜ் அவரை இடைநீக்கமும் செய்தது. இங்கும் ஆட முடியாது, அங்கும் ஆட முடியாது.

ஆகஸ்ட் 8 அன்று போஸ்மன் லியேஜ் நீதிமன்றத்துக்குப் போனார். அவர் கேட்டது பெரிதாக ஒன்றுமில்லை, வழிவிடுங்கள், நஷ்டத்துக்கு ஈடு கொடுங்கள் என்பதுதான். நவம்பரில் இடைக்கால உத்தரவு அவர் பக்கம் வந்தது. வழக்கு நீள நீள, அவரை எடுக்கக்கூடிய ஐரோப்பியக் கிளப்புகள் ஒதுங்கிக்கொண்டன. பிரான்சில் சாங் கான்தான், இந்தியப் பெருங்கடலில் ரெயூனியன் தீவு, பிறகு பெல்ஜியத்தின் மூன்றாம் பிரிவு என்று அவருடைய ஆட்ட வாழ்க்கை இறங்கிக்கொண்டே போனது. வழக்கோ லக்ஸம்பர்க்கில் உள்ள ஐரோப்பிய நீதிமன்றம் வரை ஏறிக்கொண்டே போனது. அவருடைய வழக்கறிஞர்களில் ழான் லூயி டுபோன் என்ற இளைஞரும் ஒருவர். ஐரோப்பிய ஒப்பந்தத்தின் 48-ஆம் பிரிவு, உறுப்பு நாட்டுத் தொழிலாளி எந்த உறுப்பு நாட்டிலும் தடையின்றி வேலை செய்யலாம் என்றது. கால்பந்து ஆட்டக்காரரும் தொழிலாளிதானே என்பது வாதம். எதிரே பெல்ஜிய சங்கமும் ஐரோப்பியக் கால்பந்துச் சங்கமான யூஃபாவும். வெளிநாட்டு ஆட்டக்காரர் எத்தனை பேர் ஆடலாம் என்ற வரம்பையும் வழக்கில் சேர்த்தார்கள். மூன்று வெளிநாட்டவர், அந்த நாட்டில் நெடுநாள் ஆடிய இருவர், அதற்கு மேல் கூடாது என்பது அப்போதைய யூஃபா விதி. 1994-ல் பார்சிலோனாவுக்கு எதிரான ஆட்டத்தில் மான்செஸ்டர் யுனைடெட் இந்த விதிக்காகத் தன் முதன்மைக் கோல்கீப்பர் ஷ்மைக்கேலையே வெளியில் உட்கார வைத்து, 4–0 என்று தோற்றது.

சங்கங்களின் வாதத்தை லேசாகத் தள்ளிவிட முடியாது. சின்னக் கிளப் ஒரு பையனைப் பத்து வயதிலிருந்து வளர்க்கிறது. பெரிய கிளப் சும்மா வந்து அள்ளிக்கொண்டு போனால் அடுத்த பையனை எதை வைத்து வளர்ப்பது? இளைஞர்களை வளர்க்கும் நோக்கம் சரியானதே என்று நீதிமன்றமும் ஒப்புக்கொண்டது. ஆனால் வளரும் பையன்களில் வெகு சிலரே தொழில்முறைக்கு வருகிறார்கள். அவர்களுக்காக எப்போது, எவ்வளவு தொகை வரும் என்பது குருட்டு அதிர்ஷ்டம், வளர்த்த செலவுக்கும் அந்தத் தொகைக்கும் சம்பந்தமும் இல்லை என்றது. 1995 டிசம்பர் 15 அன்று லக்ஸம்பர்க்கில் தீர்ப்பு வந்தது. ஒப்பந்தம் முடிந்த ஐரோப்பிய ஒன்றியக் குடிமகன் ஒரு உறுப்பு நாட்டிலிருந்து இன்னொன்றுக்குப் போனால் தொகை கேட்கக் கூடாது. ஒன்றியத்து ஆட்டக்காரர்களுக்கு எண்ணிக்கை வரம்பும் கூடாது.

சின்னக் கிளப்புகள் பயந்தது முழுக்கப் பொய்யாகவில்லை. 1995 மே மாதம் ஆம்ஸ்டர்டாமின் அயாக்ஸ், பெரும்பாலும் தான் வளர்த்த பையன்களை வைத்தே மிலானை 1–0 என்று வென்று ஐரோப்பியக் கோப்பையை எடுத்தது. அணியின் எட்கர் டாவிட்ஸ் 1996-ல் மிலானுக்கே இலவசமாகப் போனார். இறுதி ஆட்டத்தில் அந்த ஒரே கோலைப் போட்ட பாட்ரிக் க்ளூய்வர்ட் 1997-ல் அதே வழியில் அங்கேயே போனார். எதிர்த் திசையிலும் கதை உண்டு. ஸ்காட்லாந்தின் மதர்வெல் கிளப்பிலிருந்து பால் லாம்பர்ட் காசில்லாமல் டார்ட்மண்டுக்குப் போனார், அடுத்த வருடமே சாம்பியன்ஸ் லீக் வென்றார். பழைய விதியில் அவருக்காக யார் காசு கொடுத்திருப்பார்கள்?

தீர்ப்பு வந்ததும் தகராறு தீர்ந்துவிடவில்லை, நாள் மாறியது. முன்பு ஒப்பந்தம் முடிந்த பிறகு சண்டை, இப்போது முடிவதற்கு முன்பே சண்டை. ஆள் இலவசமாகப் போய்விடக் கூடாது என்று கிளப்புகள் நீண்ட ஒப்பந்தம் போடத் தொடங்கின. கடைசி வருடம் வருமுன் புதுப்பி, அல்லது விற்றுவிடு என்பது எழுதாத விதி. முன்பு பழைய கிளப்புக்குப் போன பணம், இப்போது கையெழுத்து போனஸாக ஆட்டக்காரருக்கும் கமிஷனாக ஏஜென்டுக்கும் போகிறது. 2023 கோடையில் ஒப்பந்தத்தை நீட்டிக்க மாட்டேன் என்று எம்பாப்பே சொன்னதும், பாரிஸ் கிளப் அவரை ஆசியச் சுற்றுப்பயணத்துக்குக் கூட்டிப்போகவில்லை, லீக்கின் முதல் ஆட்டத்திலும் இறக்கவில்லை. பட்டியல் போட்டுப் பிடித்துவைக்க முடியாத காலத்தில் கிளப்பிடம் மிச்சமிருக்கும் ஆயுதம் அதுதான்.

ஒப்பந்தத்தின் நடுவில் பிரிந்தால் என்ன என்ற கேள்வி பாக்கி இருந்தது. 2001-ல் ஐரோப்பிய ஆணையத்தோடு பேசி, உலகக் கால்பந்துச் சங்கமான ஃபிஃபா புதிய விதிகளைக் கொண்டுவந்தது. காரணமில்லாமல் முறித்தவர் ஈடு கட்ட வேண்டும், அவரை எடுக்கும் கிளப்பும் அந்தக் கடனில் பங்கு ஏற்க வேண்டும். 2014-ல் மாஸ்கோவின் லோகோமோட்டிவ் கிளப் பிரெஞ்சு ஆட்டக்காரர் லசானா டியாராவின் ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டு, தவறு அவருடையது என்றது. ஒரு கோடி யூரோவுக்கு மேல் அவர் கட்ட வேண்டும் என்று ஃபிஃபா சொன்னது. பெல்ஜியத்தின் ஷார்லரோவா கிளப் அவரை எடுக்க முன்வந்து, கடனுக்குப் பொறுப்பாக மாட்டோம், சான்றிதழ் வரும் என்று உறுதி வேண்டும் என்று கேட்டது. உறுதி கிடைக்கவில்லை, டியாரா சேரவில்லை. மறுபடியும் பெல்ஜியம், மறுபடியும் சான்றிதழ், வழக்காடியவர்களில் மறுபடியும் டுபோன். 2024 அக்டோபர் 4 அன்று அதே லக்ஸம்பர்க் நீதிமன்றம் அந்த விதிகளின் முக்கியப் பகுதிகள் ஐரோப்பியச் சட்டத்துக்கு விரோதம் என்றது. ஒப்பந்தத் தகராறைக் காரணம் காட்டிப் பரிமாற்றச் சான்றிதழை மறுக்கக் கூடாது என்று அந்த வருடக் கடைசியிலேயே ஃபிஃபா இடைக்கால விதியைக் கொண்டுவந்தது. 1990-ல் லியேஜ் கேட்காமல் விட்ட காகிதத்தை இனி எந்தச் சங்கமும் பிணையாகப் பிடித்துவைக்க முடியாது.

போஸ்மனுக்கு என்ன கிடைத்தது? பெரிய கிளப் எதுவும் அவரைத் தேடி வரவில்லை. கிடைத்த ஈட்டுத்தொகை கரைந்துபோனதையும், மன அழுத்தத்திலும் குடியிலும் விழுந்ததையும் அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். அவர் பெயரால் வந்த உரிமையில் கோடிகள் சம்பாதித்தவர்கள் ஏராளம். தொழிலாளர் உரிமைகளின் வரலாற்றில் இது புதிதல்ல. நட்சத்திரத்துக்கு வழக்கே தேவைப்படாது, கேட்ட விலைக்கு ஆள் எப்போதும் உண்டு. அதனால்தான் கிங்கபியிலிருந்து போஸ்மன் வரை விதியை உலுக்க வந்தவர்கள் போக வழியில்லாமல் நின்றவர்களாக இருந்தார்கள்.