பெயரைக் குறித்த கை எது?

இருவரில் ஒருவரைத் தேர்ந்தெடுங்கள் என்று மக்களிடம் சீட்டை நீட்டுகிறார்கள். மக்களும் வரிசையில் நின்று, குறியிட்டு, பெட்டியில் போட்டுவிட்டு, ஆட்சியை ஆக்குவோரும் நாமே, அகற்றுவோரும் நாமே என்ற பெருமிதத்தோடு வீடு திரும்புகின்றனர். பெருமிதம் தவறன்று, பெற வேண்டிய பெருமிதந்தான். ஆனால், திரும்பும் வழியில் ஒரு கேள்வி நெஞ்சைக் குடைந்தாக வேண்டும். அந்த இருவரை நம் முன் கொண்டுவந்து நிறுத்தியவர் யார்? பெயரைக் குறித்த கை எது?

இந்தக் கேள்வியை இரு நூற்றாண்டுகளாகக் கேட்டுக் கேட்டு, போராடிப் போராடி, பாதி விடை கண்டிருக்கும் நாடு அமெரிக்கா. அந்த வரலாற்றைப் புரட்டிப் பார்ப்பது, மக்களாட்சியில் பற்றுள்ள எவருக்கும் பயன் தரும் என்பது நமது எண்ணம்.

1787-ஆம் ஆண்டு பிலடெல்பியா நகரில் கூடி அமெரிக்க அரசியல் சட்டத்தை வரைந்த அறிஞர்கள், குடியரசுத் தலைவரைத் தேர்ந்தெடுக்கும் முறையை விரிவாகவே வகுத்தனர். ஆனால், அந்தச் சட்டத்தில் கட்சி என்ற சொல்லே இல்லை. கட்சிகள் தோன்றா என்று நம்பினர். தோன்றக் கூடாது என்றும் விரும்பினர். ஜார்ஜ் வாஷிங்டன் இருந்தவரை இடர் இல்லை. இரு முறையும் எதிர்ப்பின்றி அவரே தேர்ந்தெடுக்கப்பட்டார். அவர் விலகிய பின், 1796-இல், இரு கட்சிகள் எதிரெதிரே நின்றன. கட்சியின் வேட்பாளர் யார் என்பதை எவர் முடிவு செய்வது? சட்டம் வாய் திறக்கவில்லை. சட்டம் விட்டுச் சென்ற அந்த இடைவெளியில் நுழைந்து அமர்ந்ததுதான் 'காக்கஸ்'.

கட்சிக்காரர்கள் தமக்குள் கூடி, கலந்து பேசி, இன்னாரை நிறுத்துவோம் என்று முடிவெடுக்கும் கூட்டத்துக்குக் காக்கஸ் என்று பெயர். சொல்லின் பிறப்பைப் பற்றி அறிஞரிடையே வழக்கு இன்னும் தீரவில்லை. அமெரிக்கத் தொல்குடியினரின் மொழியிலிருந்து வந்தது என்பார் சிலர், மறுப்பார் சிலர். ஆனால், செயலின் பிறப்புக்குச் சான்று உண்டு. பின்னாளில் குடியரசுத் தலைவரான ஜான் ஆடம்ஸ், 1763-இல் தம் நாட்குறிப்பில் பாஸ்டன் நகரத்துக் காக்கஸ் குழுவைப் பற்றி எழுதி வைத்தார். ஒரு வீட்டின் மேல்மாடத்தில் கூடுவார்களாம். ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாத அளவுக்குப் புகையிலைப் புகை மண்டுமாம். நகர அலுவலர் யார் யார் என்பதை அங்கே முடிவு செய்துவிடுவார்களாம். அதன் பிறகுதான் நகர மக்கள் 'தேர்ந்தெடுப்பார்கள்'!

மேல்மாடத்தில் பிறந்த அந்த முறை, 1800-லிருந்து தலைநகரிலேயே கொலுவீற்றது. கட்சியின் நாடாளுமன்ற உறுப்பினர்கள் கூடித் தலைவர் பதவிக்குப் பெயர் குறித்தனர். ஜெபர்சன், மாடிசன், மன்றோ ஆகிய மூவரும் அந்தக் கூட்டத்தின் வாழ்த்துப் பெற்றே வந்தனர். 1816-இல் மன்றோவுக்கு 65 வாக்கு, கிராபோர்டுக்கு 54. எதிர்க்கட்சி அந்நாளில் நலிந்து கிடந்ததால், அறையில் வென்றவரே நாட்டிலும் வென்றவர். நூற்றுப் பத்தொன்பது பேர் அளித்த வாக்கில், பதினொன்று கூடுதலாகப் பெற்றவர் ஒரு நாட்டுக்குத் தலைவராகிவிட்டார். முடியில்லை, செங்கோல் இல்லை, ஆயினும் மன்னன்! 'காக்கஸ் மன்னன்' என்றே மக்கள் அதற்குப் பெயரிட்டு எள்ளினர்.

எள்ளியவர் சும்மா இருக்கவில்லை. சொத்துள்ளவனுக்கே வாக்கு என்ற வேலி மாநிலத்துக்கு மாநிலம் சரிந்து கொண்டிருந்த காலம் அது. உழவனும் உழைப்பாளியும் வாக்குச் சாவடிக்கு வரத் தொடங்கிய காலம். வெள்ளையரான ஆடவருக்கு மட்டுமே திறந்த கதவு என்பதை நாம் மறக்கவில்லை. எனினும், புதிதாக வாக்குப் பெற்றவன் வினவினான்: வாக்கு எனக்கு, வேட்பாளரைப் பொறுக்குவது உனக்கா?

1824 பிப்ரவரியில் காக்கஸ் மன்னன் கடைசி முறையாகக் கொலுமண்டபத்தில் அமர்ந்தான். இரு அவைகளிலும் இருந்த உறுப்பினர்கள் 261 பேர். கூட்டத்துக்கு வந்தவர்களோ 66 பேர்! வந்தவர்கள் கிராபோர்டின் பெயரைக் குறித்தனர். நாடு அதை ஏற்கவில்லை. ஜாக்சன், ஆடம்ஸ், கிளே ஆகியோர் காக்கஸின் கட்டளையைப் புறக்கணித்து, மாநிலங்களின் ஆதரவோடு களத்தில் நின்றனர். தேர்வாளர் வாக்குகளில் ஜாக்சன் 99, ஆடம்ஸ் 84, கிராபோர்டு 41, கிளே 37. எவருக்கும் பெரும்பான்மை இல்லாததால், 1825-இல் கீழவை ஆடம்ஸைத் தலைவராக்கியது. அது வேறு வழக்கு. காக்கஸ் குறித்த பெயர் மூன்றாம் இடத்துக்குத் தள்ளப்பட்டது, மன்னன் மாண்டான்.

மன்னன் மாண்டதும் மக்கள் அரியணை ஏறிவிட்டார்களா? அதுதான் இல்லை!

1831-இல் மேசன் எதிர்ப்புக் கட்சி பால்டிமோர் நகரில் முதல் தேசிய மாநாட்டைக் கூட்டி வேட்பாளரைத் தேர்ந்தது. 1832-இல் ஜனநாயகக் கட்சியும் அதே நகரில் மாநாடு கூட்டியது. ஏற்பாடு அழகானது. ஊரிலும் வட்டத்திலும் கட்சியினர் கூடுவர். அந்த அடிப்படைக் காக்கஸ் மாவட்டத்துக்குப் பேராளரை அனுப்பும். மாவட்டம் மாநிலத்துக்கு அனுப்பும். மாநிலம் தேசிய மாநாட்டுக்கு அனுப்பும். அடித்தட்டில் தொடங்கி உச்சிக்குச் செல்லும் ஏணி. ஆனால், ஏணியைப் பிடித்துக் கொண்டிருந்தவர்கள் கட்சித் தரகர்கள். கூட்டம் எங்கே, எப்போது என்பது அவர்களுக்கே தெரியும். அவர்கள் ஆள்களே வருவர்; அவர்கள் சொன்ன பெயரே வெல்லும்.

இதை உடைக்கவே இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முன்தேர்தல் முறை வந்தது. கட்சி வேட்பாளரை மக்களே வாக்களித்துச் சொல்லட்டும் என்றனர் சீர்திருத்தக்காரர். 1912-இல் தியோடர் ரூஸ்வெல்ட் முன்தேர்தல்களில் பெரும்பாலானவற்றை வென்றார். மாநாடோ டாப்ட்டை வேட்பாளராக்கியது. 1952-இல் கெபாவர் அவ்வாறே வென்றார்; மாநாடு ஸ்டீவன்சனைத் தேர்ந்தது. மக்கள் கருத்தைக் கேட்டார்கள். கேட்டுவிட்டு, ஒதுக்கி வைத்தார்கள்.

தென் மாநிலங்களில் நடந்ததோ இதனினும் கொடுமை. அங்கே அந்நாளில் ஜனநாயகக் கட்சி ஒன்றே கட்சி. அதன் வேட்பாளர் ஆனவரே வென்றவர். ஆகவே, கட்சியின் கதவை மூடினால் போதும், கருப்பின மக்களின் வாக்கு செல்லாக் காசாகிவிடும். டெக்சாசில் அதையே செய்தனர். கட்சியின் முன்தேர்தலில் வெள்ளையர் மட்டுமே வாக்களிக்கலாம் என்றனர். இது அநீதியன்றோ என்று கேட்டால், கட்சி எங்கள் சொந்த மன்றம், எவரைச் சேர்ப்பது என்பது எங்கள் விருப்பம் என்றனர். 1935-இல் நாட்டின் உச்சநீதிமன்றமும் அதற்குத் தலையாட்டியது! ஹூஸ்டன் நகரத்துப் பல் மருத்துவர் லோனி ஸ்மித் விடவில்லை, வழக்காடினார். 1944-இல் உச்சநீதிமன்றம் தன் பழைய தீர்ப்பைத் தானே மாற்றியது. வேட்பாளரைத் தேர்வதும் தேர்தலின் ஒரு பகுதியே, அதில் நிறத்தைக் காட்டி எவரையும் விலக்கக் கூடாது என்று கூறிற்று. நமது கேள்விக்குச் சட்டம் தந்த முதல் தெளிவான விடை அது.

தீர்ப்பு ஏட்டில் ஏறிற்று. மிசிசிபி மாநிலத்தின் மண்ணில் இறங்கவில்லை. 1964-இல் அங்கே கருப்பின மக்கள் கட்சியின் வட்டக் கூட்டங்களுக்குச் சென்றனர். பல இடங்களில் கதவு சாத்தப்பட்டது. அவர்கள் சோர்ந்து திரும்பவில்லை. மிசிசிபி சுதந்திர ஜனநாயகக் கட்சி என்ற அமைப்பின் கீழ்த் தாமே வட்டக் கூட்டம் நடத்தினர். மாவட்டக் கூட்டம் நடத்தினர். மாநில மாநாடு நடத்தினர். நிறம் பாராமல் எல்லோருக்கும் கதவைத் திறந்து வைத்தனர். பேராளர்களைத் தேர்ந்து, அட்லாண்டிக் நகரத்துத் தேசிய மாநாட்டின் வாயிலில் போய் நின்றனர்.

அவர்களிடையே ஒரு பெண்மணி, பேனி லூ ஹேமர். இருபது பிள்ளைகளில் கடைசிப் பிள்ளை. பருத்திக் காட்டில் பங்குக்கு உழைத்த ஏழைக் குடும்பம். 1962-இல் வாக்காளராகப் பதிவு செய்யப் போன குற்றத்துக்காக, பல்லாண்டு உழைத்த பண்ணையிலிருந்து விரட்டப்பட்டவர். 1963-இல் சிறையில் அடித்து நொறுக்கப்பட்டவர். அந்த அம்மையார் 1964 ஆகஸ்ட் 22-ஆம் நாள் மாநாட்டுக் குழுவின் முன் அமர்ந்து, பட்ட பாட்டையெல்லாம் தொலைக்காட்சிக் கருவிகளின் எதிரே எடுத்துரைத்தார். நாட்டின் தலைவர் ஜான்சன் பதறினார். மக்களின் கண்ணைத் திருப்ப அவசர அவசரமாகச் செய்தியாளரைக் கூட்டினார். பயனில்லை. அன்றிரவே அந்த உரை நாடெங்கும் ஒளிபரப்பாயிற்று.

கட்சித் தலைமை இரண்டு இருக்கை தருவதாகப் பேரம் பேசிற்று. அவர்கள் மறுத்தனர். பிச்சை கேட்டு வந்தவர்களல்லர் அவர்கள். பங்கு கேட்டு வந்தவர்கள். தன்மானம் இன்னதென்று உணர்ந்தோர்க்கு அந்த மறுப்பின் பொருள் விளங்கும். நான்காண்டு கழித்து, 1968-இல், சிகாகோ மாநாட்டில் மிசிசிபியின் இருக்கைகளில் இரு நிறத்தவரும் கலந்த புதிய பேராளர் குழு அமர்ந்தது. ஹேமர் அம்மையாரும் அதில் ஒருவர்!

அதே சிகாகோ மாநாடு பழைய முறையின் இறுதிச் சடங்காகவும் ஆயிற்று. வியட்நாம் போரை எதிர்த்த இளைஞர்களைத் தெருவில் போலீசார் அடித்து வீழ்த்திக் கொண்டிருந்தனர். உள்ளே, முன்தேர்தல் ஒன்றில்கூடப் போட்டியிடாத ஹம்பிரி வேட்பாளராக்கப்பட்டார். நாடு கொதித்தது. அவர் தேர்தலில் தோற்றார். 1969-இல் ஜனநாயகக் கட்சி சீர்திருத்தக் குழு ஒன்றை அமைத்தது. மக்கவர்ன் அதன் முதல் தலைவர். எழுதப்பட்ட விதிகள் வேண்டும். கூட்டம் நடக்கும் இடமும் நேரமும் முன்கூட்டியே அறிவிக்கப்பட வேண்டும். பெண்கள், இளைஞர், சிறுபான்மையினர் இடம்பெற வேண்டும் என்றது குழு. கேட்பதற்கு எளிய விதிகள். ஆனால், அவற்றைப் பெற நூற்று முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

அதன் பின் பல மாநிலங்கள் முன்தேர்தலுக்கு மாறின. அயோவா காக்கஸிலேயே நின்றது. வட்டம் முதல் மாநிலம் வரை பல படிகள். ஒவ்வொரு படிக்கும் இடையே நாள்கள் தேவை. ஆகவே 1972-இல் அது ஜனவரியிலேயே தொடங்கிற்று. 1976-இல் நாட்டுக்கு அறிமுகமற்ற கார்ட்டர், ஊர் ஊராகச் சென்று அங்கே முன்னணி பெற்றார். முடிவில் நாட்டின் தலைவரானார். 2008-இல் வெள்ளையர் மிகப் பெரும்பான்மையாக வாழும் அந்த மாநிலத்தில் ஒபாமா வென்றது, நாட்டையே நிமிர்ந்து பார்க்க வைத்தது.

அந்தக் கூட்டம் நடந்த விதம் சுவையானது. குளிர்கால இரவு. பள்ளிக்கூடத்திலோ தேவாலயத்திலோ ஊரார் கூடுவர். ஜனநாயகக் கட்சியின் கூட்டத்தில் சீட்டில்லை, பெட்டியில்லை. இன்னாரை ஆதரிப்போர் இந்த மூலைக்கு, அன்னாரை ஆதரிப்போர் அந்த மூலைக்கு என்று பிரிந்து நிற்பர். பெரும்பாலான வட்டங்களில் நூற்றுக்குப் பதினைந்து பேராவது சேராத குழு கலைய வேண்டும். கலைந்தவரை மற்றவர் வாதாடி அழைப்பர். குடியரசுக் கட்சியினரோ பேச்சைக் கேட்டபின் மறைவாகச் சீட்டெழுதிக் கொடுப்பர்.

அண்டை வீட்டாரோடு முகம் பார்த்து வாதிட்டு முடிவெடுப்பது அரசியல் அறிவை வளர்க்கும் செயல். அதை நாம் குறைத்து மதிக்கவில்லை. ஆனால், அந்த இரவில் ஆலையில் வேலை செய்பவன் எங்கே? கைக்குழந்தையை விட்டு வர இயலாத தாய் எங்கே? பனியில் நடக்க முடியாத முதியவர் எங்கே? முதலாளியின் கண்ணெதிரே, அவருக்குப் பிடிக்காத மூலையில் போய் நிற்கும் துணிவு எத்தனை தொழிலாளிக்கு வரும்? மறைவாக வாக்களிக்கும் உரிமை எளியவனின் கேடயமன்றோ!

எண்ணிக்கையிலும் இடறியது அந்த முறை. 2012-இல் குடியரசுக் கட்சியில் ராம்னி 8 வாக்கில் முந்தியதாக அறிவித்தார்கள். பிறகு எண்ணிச் சரிபார்த்தபோது சான்டோரம் 34 வாக்கில் முந்தியிருந்தார். 2020-இல் ஜனநாயகக் கட்சியின் முடிவைத் தெரிவிக்க அமைத்த கைப்பேசிச் செயலி கைவிட்டது. முடிவு வெளிவர நாள்கள் பல ஆயின. 2024-இல் அயோவா ஜனநாயகக் கட்சியினர் மூலையில் நிற்பதைக் கைவிட்டு, அஞ்சல்வழி விருப்பச் சீட்டுக்கு மாறினர். குடியரசுக் கட்சியினர் தங்கள் காக்கஸை அந்த ஆண்டும் நடத்தினர்.

புகை மண்டிய மேல்மாடத்திலிருந்து அஞ்சற்பெட்டி வரை வந்துள்ளது இந்தப் பயணம். முறையின் பெயர் காக்கஸா, மாநாடா, முன்தேர்தலா என்பது பெரிதன்று. கதவு திறந்திருக்கிறதா, நேரம் எல்லோருக்கும் ஏற்றதா, ஏழை அஞ்சாமல் தன் விருப்பத்தைச் சொல்ல முடிகிறதா, சொன்ன சொல் எண்ணப்படுகிறதா? இவையே கேள்விகள். இவற்றுக்கு 'ஆம்' என்று விடை வராத இடத்தில், தேர்தல் நாளன்று மக்கள் பிறர் பரிமாறிய இலையில் உண்கிறார்கள். உலையில் எதை இடுவது என்று சொல்லும் உரிமை அவர்களுக்கு இல்லை.

அந்த உரிமையை எவரும் தட்டில் வைத்துத் தந்ததில்லை என்பதற்கு ஹேமர் அம்மையாரின் வாழ்வே சான்று. சாத்திய கதவின் முன் அழுது நிற்காமல், தாமே ஒரு கூட்டத்தைக் கூட்டினார்களே மிசிசிபியின் ஏழை மக்கள், அந்த வழியே வழி! வாக்குச் சாவடிக்குச் செல்வோம். அதற்கு முன், வேட்பாளரின் பெயரைக் குறிக்கும் அறைக்கும் செல்வோம்!