17.9 டிகிரியும் பாலாற்றங்கரைக் கலப்பு உப்பும்

வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டை தோல் தொழிற்சாலைகளின் பொது சுத்திகரிப்பு நிலையங்களில், ஆர்.ஓ. ஒதுக்கித் தள்ளும் உப்புநீர் கடைசியாகப் போய்ச் சேருமிடம் ஆவியாக்கி. உப்பு இறங்கும் கட்டத்துக்குப் பொதுவாகக் கரைசலைப் பம்பால் சுற்றவிடும் கட்டாயச் சுழற்சி வகையையே நாடுகிறார்கள். அதிலிருந்து வெளிவருவது கலப்பு உப்பு. சோடியம் குளோரைடும் சோடியம் சல்பேட்டும் ஒன்றாய்க் கலந்து, பழுப்பேறி, வாங்க ஆளில்லாமல் மூட்டை மூட்டையாகக் கொட்டகையில் கிடக்கும் சரக்கு அது.

இயந்திரத்தைச் சரியாக ஓட்டாததே இதற்குக் காரணம் என்று ஒரு தரப்பினர் நெடுநாளாக வாதிடுகிறார்கள். பம்பின் வேகத்தைக் கூட்டி, கரைசலை 30 டிகிரிக்கு ஆறவிட்டால் சல்பேட் தனியே இறங்கிவிடும் என்பது அவர்கள் கணக்கு. ஒரு வளைகோட்டைத் தவறாகப் படித்ததன் விளைவு அந்தக் கணக்கு என்பதே இக்கட்டுரையின் நிலைப்பாடு.

பம்பின் வேலை வேறு. அது கரைசலை வினாடிக்கு 1.5 முதல் 3 மீட்டர் வேகத்தில் குழாய்களுக்குள் தள்ளுகிறது. மேலே நிற்கும் திரவத்தின் எடை குழாய்க்குள் கொதிக்கவிடாது. ஒரு சுற்றில் வெப்பம் சில டிகிரிதான் ஏறும். மேலே கலத்துக்குள் வந்ததும் அழுத்தம் தளர்ந்து ஆவி பறக்கும், உப்பு அங்கே இறங்கும். குழாயில் படிவு கட்டுவது குறையும். எந்த உப்பு இறங்கும் என்பதில் பம்புக்குப் பங்கில்லை.

அதைச் சொல்வது கரைதிறன் வளைகோடு. தூய நீரில் சோடியம் சல்பேட்டின் கோடு விசித்திரமானது. 0 டிகிரியில் 100 கிராம் நீரில் கரைவது சுமார் 5 கிராம்; 32.4 டிகிரியில் 50 கிராமை நெருங்குகிறது. அதன்பின் சூடு ஏற ஏறக் குறைந்து, 100 டிகிரியில் 42 கிராம் அளவில் நிற்கிறது. 32.4-க்குக் கீழே பத்து நீர் மூலக்கூறுகளைச் சுமந்த கிளாபர் உப்பு; மேலே நீரற்ற சல்பேட். அந்தத் தரப்பினர் பிடித்துக்கொண்டது இந்த 32.4-ஐத்தான்.

ஆனால் தோல் கழிவு தூய நீரல்ல. குளோரைடு ஏற ஏற அந்தத் திருப்பம் கீழே இறங்குகிறது. குளோரைடு முழுச்செறிவில் இருக்கும்போது அது 17.9 டிகிரி. அந்நிலையில் 30 டிகிரிக்கு ஆறவிட்ட கரைசல் இன்னும் கோட்டின் மறுபக்கத்தில்தான் நிற்கிறது. நீரற்ற சல்பேட்டும் குளோரைடும் கைகோத்தே இறங்கும். வாணியம்பாடியின் வெயிலில் குளிர்விப்புக் கோபுரத்து நீரைக் கொண்டு 17.9-ஐத் தொட முடியாது. கால்சியமும் கரிமப் பொருள்களும் கலந்த நிஜக் கழிவில் இந்த எண் சற்று நகரலாம். 32.4 வரை ஏறிவிடும் என்று நம்ப இடமில்லை.

ஆகவே ஆவியாக்கிக்கு முன்பே, 5 டிகிரி அளவுக்குக் குளிரவைத்துக் கிளாபர் உப்பைப் பிரித்தாக வேண்டும். அதன் எடையில் 56 விழுக்காடு நீர். ஆவியாக்காமலே அவ்வளவு நீரும் கூடவே வெளியேறுகிறது. குளிரூட்ட மின்சாரம் கட்டுப்படியாகாது என்பார்கள். ஒரு கிலோ கரைசலை 25 டிகிரி குளிரவைக்க எடுக்க வேண்டியது சுமார் 90 கிலோஜூல். 100 டிகிரியில் ஒரு கிலோ நீரை ஆவியாக்க 2,257. படிகமாகும்போது வெளிப்படும் வெப்பத்தைச் சேர்த்துக்கொண்டாலும் அந்த ஆட்சேபம் நிற்காது.

இரண்டு உப்புகளும் வந்த வழியும் வேறு வேறு. சல்பேட் பெரும்பாலும் குரோம் பதனிடும் தொட்டியில் சேர்வது. குளோரைடின் பெரும்பங்கு கெட்டுப்போகாமலிருக்கப் பச்சைத்தோலில் அப்பியது. உப்புத்தோலை விரித்துப் பிடித்து உதறினால் கல் உப்பு பொலபொலவென்று தரையில் விழும். விழுந்ததைக் கூட்டி அள்ளிவிட்டால் அவ்வளவும் தண்ணீரைத் தொடாது. ஊறல் தொட்டிக்குள் போய்விட்டால் அதே உப்பை ஆர்.ஓ., ஆவியாக்கி என்று விரட்டிப் பிடிக்க வேண்டியதுதான்.

பாலாற்றுத் தோல் தொழிற்சாலைகள் குறித்து உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது 1996 ஆகஸ்ட் 28-இல். அத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும், கொட்டகைக் கூரை ஒழுகினால் கலப்பு உப்பு கரைந்து திரும்பவும் அதே பாலாற்றுப் படுகைக்கு வந்துவிடும்.