டெலிரியஸ்? இசைக்குழுவின் நேரடி ஆராதனைப் பதிவுகள்

டெலிரியஸ்? என்பது இங்கிலாந்தின் தென்கடற்கரை ஊரான லிட்டில்ஹாம்ப்டனில், 1992இல் திருச்சபை இளைஞர்களுக்காகத் தொடங்கிய ஆராதனைக் கூடுகைகளிலிருந்து உருவாகி 2009 வரை இயங்கிய கிறிஸ்தவ ராக் இசைக்குழு ஆகும். பாடகரும் பாடலாசிரியருமான மார்ட்டின் ஸ்மித் இதன் முகமாக விளங்கினார். 'கட்டிங் எட்ஜ்' என்னும் அக்கூடுகைகளின் பெயரிலேயே 1993க்கும் 1995க்கும் இடையில் ஒலிநாடாக்கள் வெளிவந்தன. பின்னர் 1996இல் குழுவினர் முழுநேர இசைப்பணிக்கு வந்து, கேள்விக்குறியோடு கூடிய இப்பெயரைச் சூட்டிக்கொண்டனர்.

நேரடிப் பதிவு என்பது ஒவ்வொரு கருவியையும் ஒலிப்பதிவுக் கூடத்தில் தனித்தனியே பதிந்து இணைப்பதற்கு மாறாக, மக்கள் கூடிய அரங்கில் ஒரே வேளையில் இசைக்கப்படுவதைப் பதிவதாகும். மேடைக்குரிய ஒலிவாங்கிகளோடு கூட்டத்தை நோக்கியும் ஒலிவாங்கிகள் வைக்கப்படுகின்றன. மேடையின் ஒலி அவற்றைச் சற்றுத் தாமதித்தே அடைவதால், ஒலிக்கலவையில் மக்கள் குரலை மிகக் கூட்டினால் இசை கலங்குகிறது, மிகக் குறைத்தால் ஆராதனை வெறும் கச்சேரியாகிவிடுகிறது. ஆகவே இத்தகைய பதிவைக் கேட்பவர் கிதாரின் திறமையைக் காட்டிலும், பாடகர் ஒதுங்கிக்கொள்ள, தாளம் மட்டும் நிற்க, சபையே பாட்டை ஏந்திச் செல்லும் இடங்களைத்தான் உற்றுக் கேட்க வேண்டும். ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பாடி ஒரு பாடலைப் பல நிமிடங்களுக்கு நீட்டுவது, கூடத்தில் செய்த பதிவில் சலிப்பூட்டக்கூடும். இங்கோ அறியாதவரும் பாட்டுக்குள் நுழைய அதுவே வாசலாகிறது.

தமிழ்ச் செவிக்கு இது புதிதன்று. திருவண்ணாமலையின் கிரிவலப் பாதையில் மாணிக்கவாசகருக்குக் கோயில் அமைந்த அடி அண்ணாமலையில் அவர் பாடியதாக மரபு கூறும் திருவெம்பாவையின் இருபது பாடல்களும், ஒருவரையொருவர் அழைத்துக் கூடிப் பாடும் பெண்களின் குரலாகவே அமைந்து, ஒரே விளியில் முடிகின்றன. தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) வளர்த்த கிறிஸ்தவக் கீர்த்தனை மரபிலும், ஒவ்வொரு சரணத்துக்குப் பின்னும் சபையார் பல்லவிக்குத் திரும்புகின்றனர். அருட்தந்தை எஸ். ஜே. பெர்க்மான்ஸின் 'ஜெபத்தோட்ட ஜெயகீதங்கள்' வரிசைப் பாடல்கள் தமிழ்ச் சபைகளில் வேரூன்றியதற்கும், கேட்டவுடன் சேர்ந்து பாடத்தக்க எளிமை ஒரு முக்கியக் காரணம்.

டெலிரியஸ்? குழுவின் நேரடித் தொகுப்புகளுள் 'லைவ் அண்ட் இன் த கேன்' (1996) முந்தியது. 'ஆக்சஸ்:டி' 2002இல் வந்தது. சிகாகோவை அடுத்த வில்லோ க்ரீக் பெருஞ்சபையில் பதிவான 'நவ் இஸ் த டைம்' (2006), கொலம்பியத் தலைநகர் பொகோட்டாவில் பதிவான 'மை சோல் சிங்ஸ்' ஆகிய இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்பது பயனுள்ளது. ஏனெனில் குழு ஒன்றே ஆயினும் பாடும் மக்கள் வேறு. இவற்றுக்கு இடைப்பட்ட ஆண்டுகளில் இந்தியாவுக்கு வந்த மார்ட்டின் ஸ்மித், மும்பையின் பாலியல் தொழில் பகுதியில் வாழும் குழந்தைகளைச் சந்தித்தார். அதன் தாக்கம் 2008இல் வெளிவந்த 'கிங்டம் ஆஃப் கம்ஃபர்ட்' தொகுப்பிலும், வறியோருக்காக அவர் நிறுவிய 'கம்பாஷன்ஆர்ட்' என்னும் அறப்பணியிலும் வெளிப்பட்டது.

2009 நவம்பர் 29 அன்று லண்டனின் ஹாமர்ஸ்மித் அப்போலோ அரங்கில் நடந்த பிரியாவிடை நிகழ்ச்சியின் பதிவு 2010இல் வெளியானது. ஆலயத்தில் அல்லாமல் இசையரங்கில் கூடியவர்கள் ஆயினும், பல ஆண்டுகள் தத்தம் சபைகளில் பாடிப் பழகிய பாடல்களையே அவர்கள் பாடியதால், இரசிகர் கூட்டத்தையும் ஆராதிக்கும் சபையையும் இப்பதிவில் பிரித்தறிவது எளிதன்று.